ஆற்றுக்கு ஆறு மீன் வேறு: கேள்வி பதில்

அண்ணா, இந்தியாவில் நன்னீர் மீன் எத்தனை வகை? எனக்குத் தெரிந்தது கட்லா, ரோகு, விரால், ஜிலேபிதான்.

ஆயிரத்துக்கும் மேல் இருக்கின்றன, தம்பி. நீங்கள் சொன்ன நான்கில் விரால் ஒன்றுதான் தமிழ்நாட்டு நீரில் இயல்பாகவே வாழ்வது. கட்லாவும் ரோகுவும் கங்கை, பிரம்மபுத்திரா பக்கத்து மீன்கள். ஜிலேபி ஆப்பிரிக்க மீன், 1952இல் இங்கே கொண்டுவந்தார்கள். சந்தைக் கூடையை வைத்து ஆற்றைக் கணக்கிட முடியாது. மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டும் 2011இல் ஐயுசிஎன் என்னும் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் மதிப்பிட்ட 290 வகைகளில் 189 உலகில் வேறெங்கும் இல்லாதவை. பறவை மலையைத் தாண்டிவிடும், ஓடை மீனால் முடியாது. அதனால்தான் பள்ளத்தாக்குக்கு ஒரு மீன்.

கோடையில் வெடித்துக் கிடந்த எங்கள் குளத்தில் மழை பெய்த சில நாளில் மீன் துள்ளுகிறது. எப்படி?

பெரும்பாலும் வாய்க்கால் வழியாக வருகின்றன. புதுவெள்ளம் வந்ததும் கெண்டையும் கெளுத்தியும் எதிர்த்து ஏறும். மழை இரவில் மடையடியில் டார்ச் அடித்துப் பாருங்கள், அத்தனை அழகு! விராலும் தேளியும் காற்றை நேரடியாகச் சுவாசிக்கும், ஈரச் சேற்றிலேயே கொஞ்ச காலம் தாக்குப்பிடிக்கும். பனையேறிக் கெண்டை செவுள் மூடியை ஊன்றித் தரையிலேயே நகர்ந்து அடுத்த குட்டைக்குப் போய்விடும். வாய்க்காலை அடைத்தால் குளத்தில் நீர் நின்றாலும் இந்த வரத்து நின்றுபோகும்.

காவிரியில் உல்லம் பிடித்ததாகத் தாத்தா சொல்வார். கடல் மீன் அல்லவா அது?

தாத்தா சொன்னது உண்மை. வங்காளிகள் இலிஷ் என்று கொண்டாடுவதும் உல்லம்தான். கடலில் வளர்ந்து, வெள்ளக் காலத்தில் ஆற்றில் ஏறி முட்டையிடும். 1934இல் மேட்டூர் அணை வந்தபின் கீழ்க்காவிரியின் வெள்ளம் குறைந்தது, உல்லமும் குறைந்தே போனது. விலாங்கு இதற்கு நேரெதிர்: ஆற்றில் வளர்ந்து, முட்டையிடக் கடலுக்குப் போகும். இரண்டுக்கும் வழி திறந்திருக்க வேண்டும்.

எங்கள் ஊர் இளைஞர்கள் சேர்ந்து ஆற்றில் மீன் குஞ்சு விடலாம் என்று இருக்கிறோம். எந்த வகை வாங்கலாம்?

உங்கள் அக்கறை எனக்குப் புரிகிறது. ஆனாலும் வாங்க வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

காவிரியில் திமில் மஹ்சீர் என்று ஒரு மீன் உண்டு. 50 கிலோவைத் தாண்டி வளரக்கூடியது, இந்த ஆற்றுப் படுகையைத் தவிர வேறெங்கும் கிடையாது. மஹ்சீர் குறைகிறதே என்று நல்லெண்ணத்தோடுதான் பண்ணையில் பொரித்த குஞ்சுகளைக் காவிரியில் விட்டார்கள். ஆனால் அவை கிருஷ்ணா படுகையைச் சேர்ந்த நீலத்துடுப்பு மஹ்சீர். அவை பெருகின, திமில் மஹ்சீர் சுருங்கியது. அதற்குச் சரியான அறிவியல் பெயர் எது என்பதே 2018இல்தான் தெளிவானது. அதே ஆண்டு அது மிக அருகிவிட்ட இனங்களின் பட்டியலிலும் ஏறியது. மணல் எடுப்பு, வெடி வைத்துப் பிடிப்பது, அணைகள் எல்லாவற்றுக்கும் இதில் பங்குண்டு. ஆனாலும் உதவி என்று நினைத்துச் செய்ததே கெடுதலாக முடிந்ததை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் ஆறுவதில்லை.

குஞ்சுக்குச் சேர்த்த பணத்தில் வாய்க்காலைத் தூர் வாருங்கள். முட்டையிடும் மழைக்காலத்தில் மடையில் வலை கட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் ஊர் மீன் தானே பெருகும்.

வீட்டுத் தொட்டியில் டேங்க் கிளீனர் மீன் பெரிதாகிவிட்டது. ஏரியில் விடலாமா சார்?

வேண்டவே வேண்டாம். தென்னமெரிக்க மீன் அது, கரையில் குழி பறித்து முட்டையிட்டுப் பெருகும். வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுங்கள்.

இன்னும் புது மீன்கள் கிடைக்கின்றனவா?

கிடைக்கின்றன! 2018 வெள்ளத்துக்குப் பிறகு கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்தில் ஒரு வயலில் பாம்பு போல ஒரு மீன் தென்பட்டது. நிலத்தடி நீரில் வாழும், விராலின் தூரத்து உறவு. 2019இல் பெயர் வைத்தார்கள், அடுத்த ஆண்டு அதற்கென்று தனிக் குடும்பமே வகுத்தார்கள். அதனால் கிணற்றிலோ வயலிலோ விசித்திரமான மீன் அகப்பட்டால் தூக்கி எறியாதீர்கள். பக்கவாட்டில் ஒரு படம் எடுத்து, இடத்தையும் தேதியையும் எழுதி அருகிலுள்ள கல்லூரி விலங்கியல் துறைக்குக் காட்டுங்கள்.