என் மகளுக்குப் பால் பத்தலைங்க

கேள்வி: வணக்கமுங்க நர்சம்மா. என் மகளுக்கு வயசு 24, தலைப்பிரசவம். ஆபரேசன் பண்ணித்தான் பாப்பாவை எடுத்தாங்க. பொறந்தப்ப எடை 2 கிலோ 900. பால் வரலைன்னு ஆஸ்பத்திரியிலயே மொத நாள் பவுடர் பால் குடுத்துட்டாங்க. அஞ்சாம் நாள் வீட்டுக்கு வரும்போது 2 கிலோ 690. நேத்து, பதினஞ்சாம் நாள், எடை போட்டதுல 2 கிலோ 920. மாருல குடிச்சு அரை மணி நேரத்துல மறுபடியும் அழுகுது. பொழுது சாஞ்சா அழுகை நிக்கறதே இல்லை. அதனால நாளைக்கு மூணு தடவை புட்டியில 60 மில்லி பவுடர் பால் குடுக்கறோம். மகளுக்குக் காம்பு வெடிச்சு ரத்தம் வருது. மாரைக் கசக்கிப் பாத்தா நாலு சொட்டுதான் வருது. சம்பந்தியம்மா, "நான் மூணு பெத்தும் புட்டியத் தொட்டதில்லை"ங்கறாங்க. மக யாருகிட்டயும் பேசறதில்லை, சுவத்தைப் பாத்துப் படுத்துக்கறா. கழுதைப்பால் குடுத்தா நல்லதுன்னு பக்கத்து வீட்டுல சொல்றாங்க. நாங்க ரெண்டு மாடு வெச்சு சொசைட்டிக்குப் பால் ஊத்தறவங்க. எனக்கு என்ன பண்றதுன்னே தெரியலைங்க.
- காங்கேயம் பக்கத்திலிருந்து ஒரு தாய்

பதில்: அன்புச் சகோதரிக்கு,

மூன்று எடைகளையும் மறக்காமல் எழுதி அனுப்பினீர்களே, அதற்கு முதலில் நன்றி. அவற்றை வைத்தே பாதிப் பதிலைச் சொல்லிவிடலாம்.

பிறந்த முதல் சில நாட்களில் எல்லாக் குழந்தைக்கும் எடை கொஞ்சம் இறங்கும். உங்கள் பேத்திக்கு 210 கிராம் இறங்கியிருக்கிறது. நூற்றுக்கு ஏழு பங்கு. பத்துப் பங்கை எட்டினால்தான் நாங்கள் கவலைப்படுவோம். இறங்கிய எடை இரண்டு வாரத்துக்குள் திரும்ப ஏறிவிட வேண்டும், ஏறியிருக்கிறது. ஐந்தாம் நாளிலிருந்து பத்து நாளில் 230 கிராம் கூடியிருக்கிறது, அதாவது நாளுக்கு 23 கிராம். இந்த வயதில் 20 முதல் 30 கிராம் வரை கூடினால் நல்ல வளர்ச்சி.

இன்னொரு கணக்கும் போட்டுப் பாருங்கள். இந்த எடையுள்ள குழந்தைக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 400 முதல் 450 மில்லி பால் வேண்டும். புட்டியில் நீங்கள் கொடுப்பது மூன்று அறுபது, 180 மில்லி. அது மட்டும்தான் உள்ளே போயிருந்தால் பாப்பா இந்நேரம் வாடி வதங்கியிருக்கும். மீதிப் பால் எங்கிருந்து வந்தது? உங்கள் மகளிடமிருந்துதான். பாதிக்கு மேல் அவள்தான் கொடுத்திருக்கிறாள், காம்பில் ரத்தம் வர வர. இந்தக் கணக்கை இன்றைக்கே அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அவளுக்குக் கேட்கும்படி சொல்லுங்கள். அவளுக்கு இப்போது வேண்டிய முதல் மருந்து இதுதான்.

கசக்கிப் பார்த்தால் நாலு சொட்டுதான் வருகிறது என்கிறீர்கள். நீங்கள் மாடு கறக்கிறவர், உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கன்றை முட்ட விடாமல், மடியைத் தடவிக் கொடுக்காமல், செம்பை எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தால் எந்த மாடு பாலை இறக்கும்? புது ஆள் கறக்கப் போனால் அடக்கிக்கொள்கிறதே! மனுஷிக்கும் அப்படித்தான். பிள்ளை வாய் வைத்துச் சப்பும்போது ஆக்சிடோசின் என்ற ஹார்மோன் சுரந்தால்தான் பால் இறங்கும். வலியும் பயமும் கூச்சமும் அதைத் தடுக்கும். நாலு பேர் பார்க்கக் கசக்கினால் நாலு சொட்டுதான் வரும்.

மடியில் பாலை மிச்சம் விட்டு விட்டுக் கறந்தால் நாலே நாளில் கறவை குறைந்துபோகும், அதுவும் உங்களுக்குத் தெரியும். பிள்ளை குடிக்கக் குடிக்கத்தான் புரோலாக்டின் சுரந்து அடுத்த வேளைக்குப் பால் ஊறும். ராத்திரியில் அது இன்னும் அதிகம். புட்டியில் ஒரு வேளை கொடுத்தால், அந்த வேளைக்குப் பால் தேவையில்லை என்று உடம்பு எடுத்துக்கொள்கிறது. பால் குறைகிறது, இன்னொரு புட்டி வருகிறது. நிறைய வீடுகளில் பால் வற்றியது இப்படித்தான்.

பொழுது சாய்ந்தால் அழுகிறது என்றால் வயிறு காய்கிறது என்று அர்த்தமில்லை. இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் அநேகமாக எல்லாக் குழந்தையும் சாயங்காலம் இரண்டு மூன்று மணி நேரம் விட்டு விட்டுக் குடிக்கும், அழும், மறுபடி குடிக்கும். அது வளர்கிற வேகம். முதல் வாரம் கல்லு மாதிரி இருந்த மாரு இப்போது மெத்தென்று ஆகியிருக்கும். அதைப் பார்த்தும் பால் போய்விட்டது என்று பயப்படுவார்கள். அது தேவைக்கேற்பச் சுரக்கப் பழகிக்கொண்டதன் அடையாளம். பால் போதுமா என்று அழுகையை வைத்துப் பார்க்காதீர்கள், துணியை வைத்துப் பாருங்கள். 24 மணி நேரத்தில் ஆறு தடவைக்குக் குறையாமல் வெளிறிய சிறுநீர், மஞ்சள் நிறத்தில் இளகலான மலம், வாரா வாரம் ஏறுகிற எடை, இந்த மூன்றும் இருந்தால் போதும்.

இப்போது அந்தக் காம்பு. சரியாகப் பிடித்துக் குடித்தால் காம்பு வெடிக்காது. வெடித்திருக்கிறது என்றால் பாப்பா நுனிக் காம்பை மட்டும் பிடித்துச் சப்புகிறது. அதற்கு வலியும் அதிகம், பாலும் சரியாக வராது, அரை மணி நேரத்தில் மறுபடி அழவும் செய்யும். உங்கள் வீட்டுச் சிக்கலின் வேர் இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

முப்பது வருஷத்துக்கும் முந்தி, தாராபுரம் பக்கத்துக் கிராமங்களில் நான் நர்ஸாக வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு வயதான மருத்துவச்சி இருந்தார். கொங்கு நாட்டு ஊர்களில் தலைமுறை தலைமுறையாகப் பிரசவம் பார்த்தவர்கள் நாவிதர் வீட்டுப் பெண்கள். ஊரே அவர்கள் கையில்தான் பிறந்தது; அதே ஊர் மற்ற நாளில் அவர்களைத் திண்ணையோடு நிறுத்தியது. பயிற்சி முடித்த கர்வத்தோடு அந்த ஆத்தாவைத் திருத்தத்தான் நான் போனேன். பிளேடைக் கொதிக்க வைக்கணும், சர்க்கரைத் தண்ணி வைக்கக் கூடாது, சீம்பாலைப் பீச்சிக் கீழே விடக் கூடாது என்றெல்லாம் சொன்னேன். அதெல்லாம் சரிதான், இன்றைக்கும் அதையேதான் சொல்வேன். ஆனால் நான் பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் எழுந்து போய், மூலையில் அழுதுகொண்டிருந்த பிள்ளை பெற்றவளின் முழங்கைக்குக் கீழே பழைய சேலையை நாலாக மடித்து வைத்தார். அவள் தோளை மெல்ல அமுக்கி, முதுகைச் சுவரில் சாய வைத்தார். "கண்ணு, மாரைப் புள்ளைகிட்டக் கொண்டு போகாத. புள்ளைய மாருகிட்டக் கொண்டா" என்றார். ஒரு நிமிஷத்தில் அழுகை நின்றுவிட்டது. குழந்தை விழுங்குகிற சத்தம் எனக்குக் கேட்டது. அந்த ஒரு வரியை எங்கள் பாடப் புத்தகம் ஒரு பக்கத்துக்கு எழுதியிருந்தது. அந்த ஆத்தா பத்து நாளும் காலையில் வந்து அப்படி உட்கார்ந்துவிட்டுப் போவார்.

தமிழ்நாட்டில் இன்று நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேல் பிரசவம் ஆஸ்பத்திரியில்தான் நடக்கிறது. அதனால் எத்தனையோ தாய்மார் பிழைத்தார்கள். வீட்டுப் பிரசவம் திரும்பி வர வேண்டும் என்று நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன். ஆனால் பக்கத்தில் வந்து உட்கார்ந்த அந்த ஆளை நாம் தொலைத்துவிட்டோம். 2018-ல் மத்திய அரசு மருத்துவச்சிச் சேவைக்கு வழிகாட்டு நெறி கொண்டுவந்து, செவிலியருக்கு 18 மாதப் பயிற்சி என்று வைத்தது. அப்படிப் பயின்றவர் உங்கள் ஊருக்கு வருகிறவரைக்கும், சகோதரி, அந்த இடத்தில் நீங்கள்தான் உட்கார வேண்டும்.

எப்படி என்று சொல்கிறேன். மகளுக்கு ஆபரேசன் புண் வலிக்கும், அதனால் பாப்பாவை வயிற்றின் மேல் போட வேண்டாம். அக்குளுக்கடியில், கால் பின்பக்கம் போகிற மாதிரி தலையணை மேல் படுக்க வையுங்கள். இல்லையென்றால் மகளை ஒருக்களித்துப் படுக்கச் சொல்லி எதிரே படுக்க வையுங்கள். பாப்பாவின் காது, தோள், இடுப்பு மூன்றும் ஒரே கோட்டில் இருக்கட்டும். கழுத்தைத் திருப்பிக்கொண்டு நம்மாலும்தான் தண்ணீர் குடிக்க முடியாது. மூக்குக்கு நேரே காம்பு வரட்டும். காம்பால் மேலுதட்டைத் தொட்டால் வாயைத் திறக்கும். உடனே திணிக்க வேண்டாம். கொட்டாவி விடுகிற மாதிரி அகலமாகத் திறக்கும்வரை பொறுத்திருந்து, முதுகைத் தாங்கி ஒரே வீச்சில் மாரோடு அணைக்கச் சொல்லுங்கள். பின்தலையைப் பிடித்து அமுக்க வேண்டாம்.

நீங்கள் குனிந்து பாருங்கள். தாடை மாரில் புதைந்திருக்க வேண்டும். கீழுதடு வெளியே மடங்கியிருக்க வேண்டும். கருவட்டம் மேலுதட்டுக்கு மேலே கொஞ்சம் தெரியலாம், கீழே தெரியக் கூடாது. கன்னம் குழி விழாமல் உப்பலாக இருக்க வேண்டும். முதலில் வெடுக் வெடுக்கென்று சப்பும். பால் இறங்கியதும் நிதானமாகி, விழுங்குவது கேட்கும். வலி தொடர்ந்தால் சுண்டுவிரலைக் கடைவாயில் நுழைத்து எடுத்துவிட்டு மறுபடி பிடிக்க வையுங்கள். நாலு தடவை ஆனாலும் பரவாயில்லை. குடித்து முடித்ததும் அவள் பாலிலேயே ஒரு சொட்டைக் காம்பில் தடவிக் காற்றில் உலர விடுங்கள்.

பவுடர் பாலை இன்றைக்கே நிறுத்திவிடாதீர்கள். பிள்ளையின் எடையில் அதற்கும் பங்கிருக்கிறது. நாளொன்றுக்கு எட்டு முதல் பன்னிரண்டு தடவை, ராத்திரியும் சேர்த்து, இரண்டு பக்கமும் மாரு கொடுத்த பிறகே மேற்கொண்டு கொடுப்பது. அதையும் புட்டியில் வேண்டாம், பாலாடையில் கொடுங்கள். முடிந்தால் இடையில் பாலைப் பீச்சி எடுத்து, முதலில் அதைக் கொடுங்கள். இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை ஒவ்வொரு வேளையிலும் பத்துப் பதினைந்து மில்லி குறைத்துக்கொண்டே வாருங்கள். சிறுநீர்க் கணக்கு குறையாமல் இருக்க வேண்டும். வாரம் இரண்டு முறை ஒரே தராசில் எடை பாருங்கள். உங்கள் கிராமத்து நர்சம்மாவிடம் சொன்னால் வீட்டுக்கே வந்து பிடிப்பைப் பார்த்துத் தருவார். குழந்தை டாக்டரிடமும் ஒருமுறை காட்டிக்கொள்ளுங்கள். முழுப் பாலுக்கு வர இரண்டு மூன்று வாரம் ஆகலாம். கொஞ்சம் பவுடர் பால் தொடர வேண்டி வந்தாலும் அது தோல்வியில்லை, மகளிடம் அப்படியொரு வார்த்தை யாரும் சொல்லக் கூடாது.

ஆஸ்பத்திரியில் நடந்தது எனக்கு வருத்தம்தான். முதுகில் ஊசி போட்டுச் செய்கிற சிசேரியனில் தாய் விழித்துத்தான் இருப்பாள். இருவரும் நலமாக இருந்தால் முதல் ஒரு மணி நேரத்திலேயே மாரில் போடலாம். முதல் நாள் குழந்தைக்கு ஒரு வேளைக்கு வேண்டியதே ஒரு டீஸ்பூன் சீம்பால் அளவுதான்; அதைப் பார்த்துவிட்டு பால் வரலை என்கிறார்கள். குழந்தைகளின் பவுடர் பாலுக்கு விளம்பரமோ இலவச மாதிரியோ கொடுக்கக் கூடாதென்று 1992-லேயே சட்டம் வந்து, 2003-ல் இன்னும் இறுக்கப்பட்டது. அடுத்த பிரசவத்துக்கு, உங்கள் வீட்டிலோ உறம்பரை வீட்டிலோ, இதை முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

கழுதைப்பால் வேண்டாம். வசம்பு, உரைமருந்து, தண்ணீர் எதுவும் ஆறு மாதம்வரை வேண்டாம், நம் ஊர்ச் சித்திரை வெயிலிலும் கூட. தேன் ஒரு வயதுவரை வேண்டாம். மகளுக்கு மட்டும் தண்ணீர் தாராளமாகக் கொடுங்கள். தண்ணி குடித்தால் பிள்ளைக்குச் சளி பிடிக்கும் என்பதும், பருப்பு சாப்பிட்டால் புண் ஆறாது என்பதும் உண்மையில்லை. அரிசியும் பருப்பும் நெய் விட்டுப் போடுங்கள், செலவு ரசம் வையுங்கள், முட்டையும் கீரையும் கொடுங்கள்.

மகள் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாள் என்று எழுதியதை நான் இரண்டு தடவை படித்தேன். முதல் பத்துப் பதினைந்து நாள் காரணமில்லாமல் அழுகை வருவது சகஜம். இப்போது இரண்டு வாரம் தாண்டிவிட்டது. இன்னும் பேசாமல், தூங்க முடியாமல், பிள்ளை மேல் பற்றில்லாமல் இருந்தால் அது பிரசவத்துக்குப் பின் வருகிற மனச்சோர்வாக இருக்கலாம். சீக்கு மாதிரிதான் அதுவும், மருத்துவம் உண்டு. டாக்டரிடம் கூட்டிப் போங்கள். டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவி எண் 14416-ல் எந்த நேரமும் பேசலாம். தன்னையோ பிள்ளையையோ ஏதாவது செய்துவிடுவேன் என்ற பேச்சு வந்தால் ஒரு நிமிஷமும் தனியே விடாமல் அன்றைக்கே போக வேண்டும். சம்பந்தியம்மாவின் பேச்சை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள், அறைக்குள் போக விடாதீர்கள். பிள்ளை பார்க்க வருகிறவர்களுக்கு வாசலிலேயே காபி கொடுத்து அனுப்பினால் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். ராத்திரி குடித்து முடித்ததும் ஏப்பம் எடுக்க வைக்கவும் துணி மாற்றவும் தூரியில் போடவும் நீங்களோ மாப்பிள்ளையோ வாங்கிக்கொண்டால், அவள் இரண்டு மணி நேரம் சேர்ந்தாற்போல் தூங்குவாள்.

பாப்பா குடிக்க எழாமல் தூங்கிக்கொண்டே இருந்தாலோ, சிறுநீர் குறைந்தாலோ, உள்ளங்கை பாதம்வரை மஞ்சளாகத் தெரிந்தாலோ, காய்ச்சலோ மூச்சிரைப்போ வந்தாலோ விடியட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். மகளுக்கு மாரு சிவந்து, கட்டி, குளிர்காய்ச்சல் அடித்தால் டாக்டரைப் பாருங்கள். அப்போதும் பால் கொடுப்பதை நிறுத்த வேண்டாம்.

சாயங்காலம் நீங்கள் கறவைக்குப் போகிற நேரமும் பாப்பா அழுகிற நேரமும் ஒன்றாக இருக்கும் என்று நினைக்கிறேன். பத்து நாளைக்கு அந்தக் கறவையை வீட்டில் வேறு யாரிடமாவது ஒப்படையுங்கள். அடுத்த வாரம் எடை போட்டதும், எவ்வளவு என்று ஒரு வரி எனக்கு எழுதுங்கள்.