வேலைப் பாரத்தில் மகன் போட்ட ‘இல்லை’

கேள்வி: என் மகன் 17 வயதில் கூட்டாளிகளோடு மோட்டார் சைக்கிள் திருட்டு கேஸில் மாட்டினான். சிறார் நீதிமன்றம், இனி ஒழுங்காக நடப்பேன் என்று எழுதிவாங்கும் நன்னடத்தைப் பிணையில் விட்டது. இப்போது 22 வயது. பினாங்கு பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் ஐந்து மாதமாக வேலை. யாரோ போட்டுக்கொடுத்து, கம்பெனி சஸ்பெண்ட் செய்து விளக்கக் கடிதம் கேட்கிறது. தானாக வேலையை விட்டால் ஒரு மாதச் சம்பளம் தருவார்களாம். அந்தப் பழைய பதிவை எப்படி அழிப்பது? — ஒரு தாய், பட்டர்வொர்த்

பதில்: அம்மா, கடிதத்தில் முக்கால்வாசி மகனைக் கெடுத்த கூட்டாளி, போலீஸ் அடித்த அடி, போட்டுக்கொடுத்த சொந்தக்காரர் என்றே போகிறது. எல்லாம் உண்மையாகவே இருக்கட்டும், இப்போது எதற்கும் உதவாது. நடுவில் ஒரே ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: ‘நீதிமன்றத்தில் குற்றம் சாட்டப்பட்டதுண்டா’ என்ற கேள்விக்கு, சின்ன வயசு கேஸ்தானே என்று ‘இல்லை’ போட்டுவிட்டான். உங்கள் பிரச்சினை அந்த வரிதான்.

பதிவை மனுப் போட்டு அழிக்க மலேசியாவின் 2001 சிறார் சட்டத்தில் வழியில்லை. போலீஸ் தலைமையகமான புக்கிட் அமானில் ஆள் இருக்கிறார், பெயரை எடுத்துவிடலாம் என்று வருகிற ஏஜெண்டுக்கு ஒரு காசு கொடுக்காதீர்கள். லஞ்சம் கொடுத்த கேஸ் உங்கள் தலையில் விழும்.

சிறார் கேஸ் கணக்கில் வராது என்பவர்கள் அந்தச் சட்டத்தின் 116-ஆவது பிரிவைப் பாதிதான் படித்திருக்கிறார்கள். சிறார் நீதிமன்றம் விசாரித்த பிள்ளையைத் தண்டனை பெற்றவன் என்று குறிப்பிடக்கூடாது என்கிறது முதல் உட்பிரிவு. மற்றச் சட்டங்களில் அப்படி வரும் இடத்தில், குற்றவாளி என்று முடிவான சிறாரையும் சேர்த்தே படிக்க வேண்டும் என்கிறது இரண்டாவது. அது எப்படியோ போகட்டும். உங்கள் மகனிடம் கேட்டது தண்டனையைப் பற்றியே இல்லை, குற்றச்சாட்டைப் பற்றி. ஒளிய இடமில்லை.

என்னிடம் வந்தவர்கள் வழுக்கி விழுந்தது விளக்கக் கடிதத்தில்தான். ‘மறந்துவிட்டேன்’ என்று எழுதுவார்கள். 17 வயதில் கோர்ட் வாசலில் அம்மா அழ நின்றதை எவன் மறப்பான்? இன்னும் சிலர் சத்தியப்பிரமாண ஆணையரிடம் போய், என்மேல் கேஸே இல்லை என்று உறுதிமொழிப் பத்திரம் முத்திரை வாங்கிவந்து நீட்டுவார்கள். பொய்யான உறுதிமொழி தண்டனைச் சட்டம் 199-ஆவது பிரிவில் குற்றம், மூன்று ஆண்டுவரை சிறை. சிறார் கேஸை மூடப்போய், 22 வயதில் பெரியவனாகக் கூண்டில் நிற்பான். அப்போது எந்தச் சிறார் சட்டமும் காப்பாற்றாது.

வேலைநீக்கம் செய்தால் 60 நாளுக்குள் தொழிலுறவுத் துறையில் முறையிடலாம்தான். ஆனால் பாரத்தில் பொய் சொன்னவனுக்காகத் தொழில் நீதிமன்றம் இரக்கப்படும் என்று நம்பி மாதக்கணக்கில் அலையச் சொல்லமாட்டேன். பணத்தை வாங்கிக்கொண்டு வெளியே வரட்டும். ராஜினாமாக் கடிதத்தை மட்டும் முதலில் நீட்டவேண்டாம். ஒரு மாதச் சம்பளம், வேலை செய்த தேதிகள் மட்டும் உள்ள பணிச் சான்று, மேற்கொண்டு நடவடிக்கை இல்லை என்ற உறுதி: மூன்றும் கம்பெனித் தாளில், கையெழுத்தோடு கைக்கு வந்தபிறகுதான் கொடுக்க வேண்டும். வாய்ப்பேச்சை நம்பி முன்னமே கொடுத்துவிட்டு, ‘அவரே விருப்பப்பட்டு விலகினார்’ என்ற பதிலோடு திரும்பியவர்கள் உண்டு.

அப்படியே நீதிமன்ற உத்தரவின் நகலையும் எடுத்து வையுங்கள். அடுத்த பாரத்தில் கேள்வி எப்படி இருக்கிறது என்று பார்த்து, இரண்டையும் ஒரு வக்கீலிடம் காட்டியபிறகு பேனாவைத் தொடட்டும்.