வலைப்பக்கத்திலிருந்து ஐஃப்ரேமுக்குள் ஓடும் செயலிக்கு விபரங்களை எப்படி அனுப்புவது?

கேள்வி: வெள்ளவத்தையில் உள்ள ஒரு சேனலிங் சென்டரின் இணையத்தளத்தில், வேறொரு டொமைனில் ஓடும் முற்பதிவுச் செயலியை ஐஃப்ரேமில் (ஒரு பக்கத்துக்குள் இன்னொரு பக்கத்தைக் காட்டும் சட்டகத்தில்) போட்டிருக்கிறேன். கிளை, மொழி, வைத்தியரின் குறியீடு, திகதி, நோயாளரின் பெயர், தொலைபேசி இலக்கம் இவ்வளவும் பக்கத்திலிருந்து உள்ளே போக வேண்டும். முகவரியில் வைத்து அனுப்பினால் இலக்கத்தின் கூட்டல் குறி காணாமல் போகிறது. பக்கங்களுக்கிடையே செய்தி அனுப்பும் பிரௌசர் வசதியான போஸ்ட்மெசேஜில் அனுப்பினால் சிலவேளை கிடைக்கிறது, சிலவேளை இல்லை. எதைப் பாவிப்பது?

பதில்:

இரண்டையும் பாவியுங்கள், ஆனால் எது எதில் போகும் என்று முதலில் பிரித்துவிடுங்கள். கிளை, மொழி, வைத்தியரின் குறியீடு, திகதி ஆகிய நான்கும் முதல் திரையை வரையும்போதே செயலிக்குத் தேவை. யார் பார்த்தாலும் பாதகமில்லை. அவை ஐஃப்ரேமின் முகவரியில் போகட்டும். பெயரும் தொலைபேசி இலக்கமும் முகவரிக்குள் வரவே கூடாது. முகவரியில் இருப்பது சேர்வரின் அக்சஸ் லொக்கில் (வந்த கோரிக்கைகளைக் குறித்துவைக்கும் கோப்பில்) முழுமையாகப் பதிவாகும். செயலிக்குள் அனலிட்டிக்ஸ் அல்லது பிழை அறிக்கை அனுப்பும் கருவி ஏதும் இருந்தால் அங்கேயும் போய்ச் சேரும். நோயாளர் எந்த வைத்தியரிடம் போகிறார் என்பது அவருடைய இலக்கத்தோடு சேர்ந்து ஒரு லொக் கோப்பில் கிடப்பது நல்லதல்ல. இவை இரண்டும் போஸ்ட்மெசேஜில்.

முதலில் கூட்டல் குறியின் கதை. முகவரியில் கேள்விக்குறிக்குப் பிறகு வரும் பகுதியில் கூட்டல் குறிக்கு "இடைவெளி" என்று பொருள். பழைய எச்டிஎம்எல் படிவங்களிலிருந்து வந்த வழக்கம் அது. +94 என்று தொடங்கும் இலக்கத்தை அப்படியே ஒட்டி அனுப்பினால், மறுபக்கத்தில் யூஆர்எல்சேர்ச்பராம்ஸ் அதை இடைவெளி, 94 என்றுதான் வாசிக்கும். இலக்கத்தை இனி முகவரியில் அனுப்பப் போவதில்லை என்றாலும் இதே பொறி இன்னோர் இடத்தில் காத்திருக்கிறது. நேரத்தை +05:30 என்ற நம்முடைய நேர வித்தியாசத்தோடு அனுப்பினால் அந்தக் கூட்டலும் இடைவெளியாகி, டேட் பொருள் "இன்வலிட் டேட்" என்று கைவிரித்துவிடும். பக்கத்தை எழுதியவர் திகதிக் குறியீட்டில்தான் பிழை என்று அரை நாள் தேடுவார்.

தீர்வு: சரங்களை (எழுத்துத் தொடர்களை) கையால் ஒட்டாதீர்கள். யூஆர்எல் பொருள் ஒன்றை உருவாக்கி, அதன் சேர்ச்பராம்ஸில் செட் பண்ணிப் பெறுமதிகளைப் போடுங்கள். விசேட குறிகளை % வடிவுக்கு மாற்றும் என்கோடிங்கை அதுவே பார்த்துக்கொள்ளும். கையால் ஒட்டியே ஆகவேண்டும் என்றால் ஒவ்வொரு பெறுமதியையும் தனித்தனியாக என்கோட்யூஆர்ஐகம்போனன்ட் ஊடாக அனுப்புங்கள். பெயர் ஒத்த என்கோட்யூஆர்ஐ இதற்கு உதவாது. அது +, &, =, # எல்லாவற்றையும் தொடாமல் விட்டுவிடும். ஒரு பெறுமதியை இரண்டு தடவை என்கோட் பண்ணினாலும் கெட்டுப்போகும். முதல் தடவை வந்த % குறி இரண்டாம் தடவையில் %25 ஆகிவிடும். செயலியில் தமிழுக்குப் பதிலாக %E0 நிறைந்த வரி தெரிந்தால் காரணம் அதுதான்.

முகவரியில் தமிழ்ச் சொற்களையும் அனுப்பாதீர்கள். தமிழ் யூனிகோட் குறி ஒவ்வொன்றும் யூடிஎஃப்-8 இல் 3 பைட், என்கோட் ஆனதும் 9 எழுத்து. "வெள்ளவத்தை" என்பதில் 10 குறிகள். முகவரியில் 90 எழுத்து பிடிக்கும். கிளைக்கு 06 என்று அனுப்பினால் இரண்டே எழுத்து. நீளத்தைவிடத் தொல்லையான இன்னொன்றும் உண்டு. "கொழும்பு" என்பதில் உள்ள "ொ" ஒரே குறியாகவும் இருக்கலாம், கொம்பும் காலும் தனித்தனியாக இரண்டு குறிகளாகவும் இருக்கலாம். விசைப்பலகையையும் மென்பொருளையும் பொறுத்தது. கண்ணுக்கு இரண்டும் ஒன்று. ஒன்று 72 எழுத்து, மற்றது 81. சமமா என்று ஒப்பிட்டால் இல்லை என்றே வரும். தமிழ்ப் பெயரை எங்காவது ஒப்பிட வேண்டியிருந்தால் இரு பக்கமும் நோர்மலைஸ் பண்ணிய (ஒரே குறி வடிவுக்கு மாற்றிய) பிறகு ஒப்பிடுங்கள்.

முகவரியில் வருவதெல்லாம் சரம் என்பதையும் மறக்க வேண்டாம். "ஃபோல்ஸ்" என்று அனுப்பியது உள்ளே ஐந்தெழுத்துச் சரம். இஃப் நிபந்தனைக்கு அது உண்மைதான். 06 ஐ எண்ணாக மாற்றினால் 6 ஆகி, தரவுத்தளத்தில் உள்ள 06 உடன் பொருந்தாது. உள்ளூர் வடிவில் 077 என்று தொடங்கும் இலக்கமும் அப்படியே முன்னால் உள்ள பூச்சியத்தை இழக்கும். கட்டணம் 2,500.00 என்று வந்து அதைப் பார்ஸ்ஃப்ளோட்டிடம் கொடுத்தால் காற்புள்ளியில் நின்று 2 என்று பதில் சொல்லும்.

ஆனால் கட்டணத்தை அனுப்பவே கூடாது. முகவரியை யாரும் திருத்தலாம், செய்தியையும் கொன்சோலில் இருந்து யாரும் அனுப்பலாம். வைத்தியரின் குறியீட்டை மட்டும் கொடுங்கள். கட்டணத்தைச் செயலியின் சேர்வர் தன் தரவுத்தளத்தில் பார்க்கட்டும்.

திகதிக்கு ஓர் எச்சரிக்கை. காலண்டரில் ஜனவரி 5 ஐத் தெரிவு செய்ததும் பெரும்பாலான நூலகங்கள் கொழும்பு நேரப்படி நள்ளிரவு 12 மணியைத் தரும். அதை டூஐஎஸ்ஓஸ்ட்ரிங் பண்ணினால் யூடிசியில் (உலகப் பொது நேரத்தில்) ஜனவரி 4, 18:30. முதல் பத்து எழுத்தை வெட்டி அனுப்புபவர் நோயாளரை ஒரு நாள் முந்தி அனுப்பி வைக்கிறார். ஆண்டு, மாதம், நாளை உள்ளூர் நேரத்தில் தனித்தனியாக எடுத்து 2025-01-05 என்று நீங்களே கட்டுங்கள். ஜாவாஸ்கிரிப்டில் மாதம் பூச்சியத்தில் தொடங்குவதால் ஒன்றைக் கூட்ட வேண்டும்.

இனி போஸ்ட்மெசேஜ். சிலவேளை போய், சிலவேளை போகாமல் இருப்பதற்குக் காரணம் ஏறக்குறைய எப்போதும் ஒன்றே: கேட்பதற்கு ஆள் வருமுன் பேசிவிடுகிறீர்கள். போஸ்ட்மெசேஜுக்குத் தபால்பெட்டி கிடையாது. அந்த நேரத்தில் உள்ளே லிஸ்னர் (செய்தியைக் கேட்டு வாங்கும் குறியீடு) இல்லையென்றால் செய்தி காற்றோடு போய்விடும். ஐஃப்ரேமின் லோட் நிகழ்வுக்குப் பிறகு அனுப்பினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். போதாது. ரியாக்ட் போன்றவற்றில் எழுதிய செயலி, லோட் முடிந்த பிறகும் ஒரு துண்டுக் கோப்பை இறக்கி, அமைப்புக் கோப்பை வாசித்து, அதன் பின்தான் லிஸ்னரை மாட்டக்கூடும். உங்கள் கணினியில் எல்லாம் கேஷில் இருப்பதால் முந்திவிடும். வாடிக்கையாளரின் கைத்தொலைபேசியில் பிந்தும்.

ஆகவே உள்ளே இருப்பது முதலில் பேச வேண்டும். வரிசை இப்படி:

வெளிப்பக்கம் தன் லிஸ்னரை மாட்டிய பிறகே ஐஃப்ரேமுக்கு முகவரியைக் கொடுக்கிறது. செயலி தன் லிஸ்னரை மாட்டியதும் பேரண்டுக்கு (வெளிப்பக்கத்துக்கு) "தயார்" என்று ஒரு செய்தி அனுப்புகிறது. வெளிப்பக்கம் அதைக் கண்டதும் பெயரையும் இலக்கத்தையும் அனுப்புகிறது. பதில் வரும்வரை செயலி 250 மில்லிசெக்கனுக்கு ஒரு தடவை "தயார்" என்று திருப்பிச் சொல்லட்டும். 20 தடவையோடு, அதாவது 5 செக்கனில், நிறுத்திவிட்டு வெறும் படிவத்தைக் காட்டட்டும். வெளிப்பக்கத்து ஸ்கிரிப்டே பிந்தி ஏறும் தளங்களும் உண்டு, அதனால்தான் இந்தத் திருப்பிச் சொல்லல். ஒரே பதில் இரண்டு முறை வந்தாலும் குழம்பாதபடி எழுதுங்கள், ஆனால் நோயாளர் கையால் திருத்திய பெயரை இரண்டாவது பதில் அழிக்கக் கூடாது. பயனர் தொட்ட கட்டத்தைச் செயலி தொடாமல் விட வேண்டும்.

அனுப்பும்போது டார்கெட் ஒரிஜின் என்ற இரண்டாவது இடத்தில் நட்சத்திரக் குறி போடும் பழக்கத்தை விடுங்கள். ஐஃப்ரேம் வேறெங்கோ திரும்பியிருந்தால் நோயாளரின் இலக்கம் அங்கே போய்விடும். செயலியின் ஒரிஜினை, அதாவது பாதைக்கு முன்னுள்ள முகவரிப் பகுதியை, சரியாக எழுதுங்கள். எச்டிடிபிஎஸ்ஸா எச்டிடிபியா என்பதும், போர்ட்டும், முன்னால் டபிள்யூ மூன்று இருக்கிறதா என்பதும் எல்லாம் அதில் சேர்த்தி. இதில் ஒரு வசதியும் உண்டு. பொருந்தாத நேரத்தில் பிரௌசர் கொன்சோலில் பிழை எழுதும். ஐஃப்ரேம் இன்னும் வெற்றுப் பக்கமாக இருக்கும்போது அனுப்பினாலும் அந்தப் பிழைதான் வரும். நட்சத்திரம் போட்டிருந்தால் சத்தமே இல்லாமல் தொலைந்திருக்கும்.

வாங்கும் பக்கமும் நிகழ்வின் ஒரிஜினை முழுமையாக, சமக்குறியால் ஒப்பிட வேண்டும். "இந்தச் சொல் அதில் இருக்கிறதா", "இப்படித் தொடங்குகிறதா" என்று பார்ப்பது காவலே இல்லை. உங்கள் டொமைனின் பெயரில் தொடங்கி வேறொருவரின் டொமைனில் முடியும் முகவரியை யாரும் பதிவு செய்யலாம். வெளிப்பக்கத்தில், செய்தி வந்த சோர்ஸும் உங்கள் ஐஃப்ரேமின் கொன்டென்ட்விண்டோவும் ஒன்றா என்றும் பாருங்கள். பிரௌசர் எக்ஸ்டென்ஷன்களும் இதே வழியால் செய்தி அனுப்புவதால், செய்திக்கு ஒரு வகைப் பெயரும் பதிப்பு எண்ணும் வைத்து, தெரியாததைப் பேசாமல் தள்ளிவிடுங்கள். ஐஃப்ரேமில் சான்ட்பொக்ஸ் (உள்ளே இருப்பதன் உரிமைகளைக் கட்டுப்படுத்தும் அமைப்பு) போட்டு அலவ்-சேம்-ஒரிஜினைச் சேர்க்காமல் விட்டிருந்தால் செயலியின் ஒரிஜின் "நல்" என்ற சொல்லாகவே வரும், சரியான ஒரிஜினை எழுதியும் ஒன்றும் போய்ச்சேராது. வேறு டொமைனில் ஓடும் செயலிக்கு அதைச் சேர்க்கலாம். ஒரே டொமைன் என்றால் அலவ்-ஸ்கிரிப்ட்ஸோடு அதையும் சேர்த்துக் கொடுப்பது சான்ட்பொக்ஸைக் கழற்றி வைப்பதற்குச் சமம்.

செய்திக்குள் சாதாரணப் பொருள், பட்டியல், டேட், மேப் எல்லாம் போகும். ஃபங்ஷனும் பக்கத்தின் மூலகங்களும் போகாது, டேட்டாகுளோன்எரர் வரும். வ்யூ பாவிப்பவர்கள் ரியாக்டிவ் பொருளை அப்படியே அனுப்பினாலும் அதே பிழைதான், அது மூலப் பொருளைச் சுற்றிய ப்ரொக்ஸி. வந்த பெயரைத் திரையில் டெக்ஸ்ட்கொன்டென்டாகப் போடுங்கள், இன்னர்எச்டிஎம்எல்லாக வேண்டாம்.

பயனர் இடையில் வைத்தியரை மாற்றினால் ஐஃப்ரேமின் முகவரியை மாற்றாதீர்கள். செயலி முழுவதும் மீண்டும் ஏறும், பாதி நிரப்பிய படிவம் போய்விடும், பேக் பொத்தானும் வெளிப்பக்கத்தை விட்டுவிட்டு ஐஃப்ரேமுக்குள்ளேயே பின்னோக்கிப் போகும். இன்னொரு செய்தி அனுப்பினால் போதும். லொகினை குக்கி பார்த்துக்கொள்ளும் என்றும் நம்ப வேண்டாம். வேறு டொமைனின் ஐஃப்ரேமில் சஃபாரி அந்தக் குக்கியை 2020 முதல் முற்றாகத் தடுக்கிறது.

தேடினால் கிடைக்கும் பழைய பதில்களில் அப்லெட்டுக்குள் (பக்கத்தில் ஓடிய பழைய ஜாவா நிரலுக்குள்) பராம் டேக் வைத்து கெட்பராமீட்டரால் வாசிக்கச் சொல்லியிருக்கும், அல்லது ஃப்ளாஷுக்கு விபரம் அனுப்பும் ஃப்ளாஷ்வார்ஸ். அப்லெட்டை ஓட்டும் பிளகின் 2018 இல் வந்த ஜேடிகே 11 இல் நீக்கப்பட்டது. ஃப்ளாஷுக்கான ஆதரவு 2020 டிசம்பர் 31 உடன் முடிந்தது. வாசித்து நேரத்தைச் செலவழிக்க வேண்டாம்.

கொடுக்குமுன், குரோமின் நெட்வேர்க் பகுதியில் வேகத்தை 3ஜி அளவுக்குக் குறைத்து, கேஷை நிறுத்தி, பத்துத் தடவை ரீலோட் பண்ணுங்கள். பத்திலும் பெயர் வந்து நிரம்ப வேண்டும். பரீட்சிக்கும் பெயரில் ஒரு "&", ஒரு ஒற்றை மேற்கோள், ஒரு "ொ" இருக்கட்டும். இலக்கம் ஒருமுறை +94 இலும் ஒருமுறை 0 இலும் தொடங்கட்டும்.