இரவு பத்து மணிப் படிப்பை நிறுத்துங்கள்

கேள்வி: எனக்கு 29 வயது. ஒரே நிறுவனத்தில் ஆறு வருடமாக வேலை பார்க்கிறேன். எம்பிஏ படிக்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. அதற்கான நுழைவுத் தேர்வான ஜிமேட்டுக்கு நான்கு மாதமாகப் படிக்கிறேன். காலை ஒன்பதுக்கு வேலை தொடங்கினால் வீடு திரும்ப எட்டு ஆகிவிடும். இரவு பத்திலிருந்து பன்னிரண்டரை வரை படிப்பு. ஞாயிறுதோறும் ஒரு மாக் டெஸ்ட், அதாவது மாதிரித் தேர்வு. கடைசி நான்கில் 555, 575, 545, 565 என்று ஸ்கோர் அங்கேயே சுற்றி வருகிறது. எனக்கு 645-க்கு மேல் வேண்டும். தோழி ஒருத்தி, "வேலையை விட்டுவிட்டு மூன்று மாதம் முழுமூச்சாகப் படி, இல்லாவிட்டால் இந்த ஆசையை விட்டுவிடு" என்கிறாள். ஆபீசில் யாருக்கும் விஷயம் தெரியாது. மேனேஜரிடம் சொல்லலாமா என்றும் குழப்பம். என்ன செய்வது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: வேலையை விட வேண்டாம். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் தோழி சொல்வது கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது, வேலை கழுத்தை நெரிக்கும் வாரத்தில் இன்னும் நியாயமாகத் தோன்றும். மலைபோல் பாடத்தைக் குவித்து வைத்து மனப்பாடம் செய்ய வேண்டிய தேர்வாக இருந்தால் நானும் யோசித்திருப்பேன். ஜிமேட் அப்படிப்பட்டதில்லை. 2023 நவம்பரில் வந்த புதிய வடிவத்தில் குவான்ட் என்னும் கணக்குப் பகுதியிலிருந்து வடிவியல் போய்விட்டது. வாக்கியப் பிழை திருத்தும் கேள்விகளும் கட்டுரையும் போய்விட்டன. குவான்ட்டில் மிச்சம் இருப்பது பள்ளிக்கூடத்து எண்கணிதமும் இயற்கணிதமும். வெர்பல் என்னும் மொழிப் பகுதியில் பத்தியைப் படித்துப் புரிந்துகொள்வதும், ஒரு வாதத்தில் எங்கே ஓட்டை என்று கண்டுபிடிப்பதும். மூன்றாவது பகுதி, தகவல்களை அலசி விடை காணும் டேட்டா இன்சைட்ஸ். மூன்றும் தலைக்கு 45 நிமிடம், மொத்தம் 64 கேள்விகள். நான்கு மாதம் படித்த உங்களுக்கு இதில் புதிதாகக் கற்க வேண்டியது அதிகம் இருக்காது. தெரிந்ததை இரண்டே கால் மணி நேரம் தலை தெளிவாக இருந்து செய்ய வருகிறதா என்பதுதான் பிரச்சினை.

வேலையை விட்டுவிட்டு இதற்குப் படித்தவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். காலையில் உட்கார்ந்தால் மதியத்துக்குள் உருப்படியான படிப்பு முடிந்துவிடும். மீதி நாள் முழுவதும் பதற்றம்தான். போதாததற்கு, விண்ணப்பத்தில் அந்த வேலையில்லாத மாதங்களுக்கு விளக்கம் வேறு எழுத வேண்டிவரும். ஆறு வருட அனுபவம்தான் உங்கள் விண்ணப்பத்தின் பலமே. அதைக் கடைசி நேரத்தில் நீங்களே குறைத்துக்கொள்ள வேண்டாம்.

நீங்கள் எழுதியிருக்கும் நான்கு ஸ்கோர்களையும் நான் ஒரே ஸ்கோராகத்தான் பார்க்கிறேன். பத்து இருபது புள்ளி ஏறுவதும் இறங்குவதும் அன்றைக்கு வந்த கேள்விகளைப் பொறுத்தது. 575 வந்த ஞாயிறு சந்தோஷப்பட்டிருப்பீர்கள், 545 வந்த ஞாயிறு அழுதிருப்பீர்கள். இரண்டுக்கும் அவசியம் இருந்ததாகத் தெரியவில்லை. இன்னொன்று: முன்பு தேர்வு எழுதியவர்கள் "எழுநூறு வாங்காமல் ஒன்றும் நடக்காது" என்று சொன்னால் பயந்துவிடாதீர்கள். அது பழைய அளவுகோல். இப்போதைய அளவுகோல் 205-இல் தொடங்கி 805-இல் முடிகிறது, எல்லா ஸ்கோரும் 5-இல்தான் முடியும். பழைய 700 நின்ற இடத்தில் ஏறக்குறைய இப்போது 645 நிற்கிறது. உங்கள் இலக்கு சரியான இலக்குதான்.

இனி அந்த இரவுப் படிப்புக்கு வருகிறேன். வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு இரண்டரை மணி நேரம். காகிதத்தில் பார்த்தால் தாராளம். ஆனால் பதினொரு மணி நேரம் வெளியே இருந்துவிட்டு வந்து உட்காரும் தலையால் என்ன செய்ய முடிகிறது? ஒரு டேட்டா சஃபிஷியன்சி கேள்வியையே எடுத்துக்கொள்ளலாம்.

ஒரு நிறுவனத்தில் பெண் ஊழியர்கள் எத்தனை பேர்? தகவல் ஒன்று: பெண்களுக்கும் ஆண்களுக்கும் உள்ள விகிதம் 3:2. தகவல் இரண்டு: ஆண்களைவிடப் பெண்கள் 40 பேர் அதிகம். விடையைக் கண்டுபிடிக்க எந்தத் தகவல் போதும் என்பதுதான் கேள்வி.

முதல் தகவல் மட்டும் இருந்தால் போதாது, அது எல்லோருக்கும் உடனே தெரிந்துவிடும். இரண்டாவதைப் படிக்கும்போதுதான் சறுக்கல். 3:2 இன்னும் கண்ணில் நிற்கிறது. வித்தியாசம் ஒரு பங்கு, ஒரு பங்கு 40, பெண்கள் 120, ஆக இரண்டாவது தகவல் மட்டுமே போதும் என்று டிக் அடித்துவிடுவீர்கள். அந்த விகிதம் முதல் தகவலுக்குச் சொந்தம், அதை மறந்துவிட்டுத்தான் இரண்டாவதைத் தனியாக எடைபோட வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியாததா? நன்றாகத் தெரியும். தனித்தனியே இரண்டும் போதாது, சேர்ந்தால் போதும். காலை ஆறரைக்கு இதே கேள்வியைக் கொடுத்தால் அரை நிமிடத்தில் சரியாகச் சொல்வீர்கள். இரவு பதினொன்றே முக்காலுக்குத் தவறு செய்வீர்கள், அப்புறம் "எனக்கு டேட்டா சஃபிஷியன்சி வரவில்லை" என்று முடிவு கட்டி இன்னும் ஐம்பது கேள்வி போடுவீர்கள், அதுவும் இரவில். இப்படி நான்கு மாதம் போனால் சேர்வது தவறான பழக்கம்தான். படிக்காமலே இருந்திருந்தால்கூட இதைவிடத் தேவலை என்று எனக்குச் சில சமயம் தோன்றும்.

அதனால் படிப்பைக் காலைக்கு மாற்றுங்கள். வேலைக்குக் கிளம்பும் முன் ஒரு மணி நேரம், முடிந்தால் ஒன்றேகால். வாரத்தில் நான்கு நாள் போதும். ஆனால் பன்னிரண்டரைக்குப் படுத்து ஐந்தரைக்கு எழுந்தால் எந்தப் பயனும் இல்லை. இரவு பதினொன்றுக்குள் விளக்கை அணைத்துவிடுங்கள். முதல் பத்து நாள் குற்ற உணர்ச்சியாக இருக்கும், புத்தகத்தைத் தொடாமல் படுக்கிறோமே என்று. இருந்துவிட்டுப் போகட்டும். காலையில் வீட்டில் இடம் இல்லை, சத்தம், மற்றவர்கள் எழுந்துவிடுகிறார்கள் என்றால் ஆபீசுக்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே போய், ஆளில்லாத மீட்டிங் அறையில் உட்காருங்கள். போனை வெளியே எடுக்காதீர்கள். லேப்டாப்பில் ஆபீஸ் மெயிலைத் திறக்கவே திறக்காதீர்கள், திறந்தால் அந்த மணி நேரம் நிறுவனத்துக்குப் போய்விடும்.

வாரக் கடைசியில் ஒரு நாள் மூன்று மணி நேரம், நடுவில் ஓர் இடைவேளையோடு. இன்னொரு நாள் முழு ஓய்வு. ஆக வாரத்துக்கு ஏழெட்டு மணி நேரம்தான், இப்போது நீங்கள் செலவிடுவதில் பாதி. பயமாக இருந்தால் ஆறு வாரம் மட்டும் இப்படிச் செய்து பாருங்கள்.

இந்த நேரத்தை எதற்குச் செலவிடுவது? புதுக் கேள்வி போடுவதற்குக் கொஞ்சம், தப்பாய்ப் போனதைப் பார்ப்பதற்கு நிறைய. இருபது கேள்வி போட்டால், அதைவிட அதிக நேரம் அந்த இருபதையும் திருப்பிப் பார்க்கவே ஆக வேண்டும். அதற்கு ஒரு நோட்டு வையுங்கள். பெரும்பாலானோர் அந்த நோட்டில் "கவனக்குறைவு" என்று ஒரு வார்த்தை எழுதிவிட்டு அடுத்த பக்கம் திருப்புகிறார்கள். அதை வைத்துக்கொண்டு மறுநாள் என்ன செய்ய முடியும்? மேலே சொன்ன கேள்விக்கு, "முதல் தகவலை மனத்தில் வைத்துக்கொண்டே இரண்டாவதைப் படித்தேன். இனி இரண்டாவதைப் படிக்கும் முன் முதல் தகவலைக் கையால் மூடுவேன்" என்று எழுதினால் அது பயன்படும். கையால் மூடுவது சிறுபிள்ளைத்தனமாகத் தெரியும், இருந்தாலும் வேலை செய்கிறது. வெர்பலில், நீங்கள் தேர்ந்தெடுத்த தவறான விடையில் எந்தச் சொல் உங்களை இழுத்தது என்று எழுதுங்கள். பத்தியில் "சில" என்று இருந்ததை விடையில் "எல்லா" என்று மாற்றி வைத்திருப்பார்கள், அல்லது உண்மையான ஒரு விஷயத்தைக் கேட்காத இடத்தில் சொல்லியிருப்பார்கள். ஒரு மாதம் எழுதினால் ஐந்தாறு வகைத் தவறுகளையே திரும்பத் திரும்பச் செய்கிறோம் என்பது தெரிந்துவிடும். அந்த ஐந்தாறை மட்டும் திருத்தினாலே ஸ்கோர் நகரும்.

வாராவாரம் மாக் டெஸ்ட் எழுதுவதை நிறுத்துங்கள். அது எடை பார்க்கும் மெஷின் மாதிரி, ஏறி ஏறி நின்றால் எடை குறையாது. மூன்று வாரத்துக்கு ஒன்று போதும், தேர்வுக்கு முந்தைய மாதத்தில் வேண்டுமானால் வாரம் ஒன்று. தேர்வை நடத்தும் ஜிமேக் அமைப்பு தன் தளத்தில் முழுத் தேர்வு இரண்டை இலவசமாகத் தருகிறது. அவற்றை இன்னும் எழுதவில்லையென்றால் பத்திரப்படுத்தி வையுங்கள். மற்ற நிறுவனங்களின் மாக் டெஸ்ட் ஸ்கோரை அப்படியே நம்ப முடியாது, உண்மைக்குப் பக்கத்தில் இருப்பது இவைதான்.

வேலை பார்ப்பவர்களிடம் மட்டும் நான் காணும் ஒரு குறை உண்டு. ஆபீசில் ஒரு வேலையைப் பாதியில் விட்டால் கெட்ட பெயர். சிக்கலைத் தீர்க்கும் வரை விடாமல் உட்கார்ந்திருப்பவருக்குத்தான் பாராட்டு. அந்தக் குணத்தோடு தேர்வு அறைக்குப் போனால் ஒரே கேள்வியில் ஐந்து நிமிடம் போய்விடும். குவான்ட்டில் 45 நிமிடத்துக்கு 21 கேள்வி, கேள்விக்கு இரண்டு நிமிடத்துக்குச் சற்றே அதிகம். ஐந்து நிமிடம் ஒன்றுக்குப் போனால் கடைசியில் இருக்கும் சுலபமான கேள்விகள் பலியாகும். பகுதியை முடிக்காமல் விட்டால் ஸ்கோரில் அடி பலமாக விழும். விடை தராமல் அடுத்த கேள்விக்குப் போகவும் முடியாது. அதனால் இரண்டரை நிமிடத்தில் வழி புலப்படவில்லையென்றால் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, புக்மார்க் போட்டு, நகர்ந்துவிடுங்கள். பகுதி முடிவில் நேரம் மிச்சமிருந்தால் திரும்பி வந்து மூன்று விடைகள் வரை மாற்றலாம். காலைப் பயிற்சியில் இந்த விடும் பழக்கத்தையும் தனியாகப் பழகுங்கள். பத்துக் கேள்விக்கு இருபது நிமிடம் வைத்துக்கொண்டு, அதில் இரண்டை வேண்டுமென்றே விட்டுவிடுங்கள். எந்த இரண்டு என்று நீங்கள் தேர்ந்தெடுப்பதுதான் பயிற்சி.

வேலை பார்ப்பதால் ஒரு சாதகமும் இருக்கிறது. டேட்டா இன்சைட்ஸில் வருவது அட்டவணை, வரைபடம், ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாத இரண்டு மூன்று ஆவணங்கள். உங்கள் வேலை எந்தத் துறையாக இருந்தாலும், தினமும் மெயிலில் வருவதும் கிட்டத்தட்ட இதுதான். கால்குலேட்டரும் அந்தப் பகுதிக்கு மட்டும் திரையில் உண்டு. கல்லூரியிலிருந்து நேராக வந்து எழுதுபவரைவிட உங்களுக்கு இது கைவர வேண்டும். அப்படி வரவில்லையென்றால், முதலில் கேள்வியைப் படிக்காமல் அட்டவணை முழுவதையும் படிக்கிறீர்களா என்று பாருங்கள்.

தேதி பதிவு செய்துவிட்டீர்களா என்று எழுதவில்லை. பதிவு செய்யாமல் படிப்பவர்கள் வருடக்கணக்கில் படிப்பார்கள். ஜிமேட்டை வருடத்தில் எப்போது வேண்டுமானாலும் எழுதலாம், அதுதான் வேலை பார்ப்பவருக்குக் கிடைத்த வசதி. ஆபீஸ் காலண்டரை எடுங்கள். கணக்கு முடிக்கும் மாதம், பெரிய புராஜெக்ட் முடியும் வாரம், குழுவில் இன்னொருவர் நீண்ட லீவில் போகும் நாட்கள், எல்லாவற்றையும் கழித்துவிட்டு, பத்துப் பன்னிரண்டு வாரம் தள்ளி ஒரு காலை நேரத்தைப் பிடியுங்கள். லீவை இப்போது வீணடிக்க வேண்டாம், தேர்வுக்கு முந்தைய இரண்டு நாளுக்கு எடுத்துவையுங்கள். ஒரே தடவையில் எல்லாம் முடிய வேண்டும் என்பதும் இல்லை. 16 நாள் இடைவெளி விட்டு மறுபடி எழுதலாம், 12 மாதத்தில் ஐந்து தடவை வரை அனுமதி. ஸ்கோரைப் பார்த்த பிறகுதான் எந்தக் கல்லூரிக்கு அனுப்புவது என்று முடிவு செய்வீர்கள். வாங்கிய ஸ்கோர் ஐந்து வருடம் செல்லும். இந்த வருடம் விண்ணப்பிக்க முடியாமல் போனாலும் உழைப்பு வீணாகாது.

கோச்சிங் வகுப்பு? உங்கள் நிலையில் தேவையில்லை. பாடம் நடத்தித்தான் அவர்களுக்குப் பழக்கம், உங்கள் குறை பாடத்தில் இல்லை. ஜிஆர்இ என்ற இன்னொரு நுழைவுத் தேர்வுக்கு மாறிவிடலாமா என்று இடையில் ஒரு நாள் தோன்றும். பல பிசினஸ் ஸ்கூல்கள் அதையும் ஏற்கின்றன, ஆனால் அதில் அருஞ்சொற்கள் படிக்க வேண்டும், வடிவியல் திரும்ப வந்துவிடும். நான்கு மாத உழைப்புக்குப் பிறகு வேண்டாம்.

மேனேஜர் விஷயம். இப்போது சொல்லாதீர்கள். சொன்ன நாளிலிருந்து நீங்கள் சீக்கிரம் கிளம்பினாலும் தாமதமாக வந்தாலும் காரணம் தேர்வுதான் என்று ஆகிவிடும், அடுத்த நல்ல புராஜெக்ட் வேறொருவருக்குப் போகும். ஆனால் கடைசி வரை மறைக்கவும் முடியாது. பெரும்பாலான பிசினஸ் ஸ்கூல்கள் சிபாரிசுக் கடிதம் கேட்கும், அதில் ஒன்றாவது இப்போதைய நேரடி மேலதிகாரியிடமிருந்து வந்தால் நல்லது என்பார்கள். கையில் ஸ்கோர் வந்த பிறகு, கடைசித் தேதிக்குக் குறைந்தது ஆறு வாரம் முன்னால் சொல்லுங்கள். அமெரிக்கக் கல்லூரிகள் பலவற்றில் முதல் சுற்று செப்டம்பரிலும் இரண்டாம் சுற்று ஜனவரித் தொடக்கத்திலும் முடியும், அதிலிருந்து பின்னோக்கி எண்ணிக்கொள்ளுங்கள். போகும்போது, ஆறு வருடத்தில் நீங்கள் செய்த வேலைகளில் நான்கைந்தை ஒரு பக்கத்தில் எழுதி எடுத்துப் போங்கள். மேனேஜருக்கும் நேரம் இருக்காது, கடிதம் எழுத உட்காரும்போது அந்தப் பக்கம் உதவும். அவரிடம் சொன்னால் வேலைக்கே ஆபத்து என்று நீங்கள் நினைக்கும்படியான ஆளாக அவர் இருந்தால், முன்பு உங்களுக்கு மேலதிகாரியாக இருந்தவரைக் கேளுங்கள், அல்லது உங்கள் வேலையை நெருங்கிப் பார்த்த வாடிக்கையாளரைக் கேளுங்கள். ஏன் இப்போதைய மேனேஜர் இல்லை என்று விண்ணப்பத்தில் இரண்டு வரி எழுதினால் போதும், கல்லூரிகளுக்கு அது புரியும்.

இந்த ஞாயிறு மாக் டெஸ்ட் வேண்டாம். பழைய நான்கையும் திறந்து, தவறானவற்றை மட்டும் அந்த நோட்டில் எழுதத் தொடங்குங்கள்.