விலையைப் படத்துக்குள் பூட்டாதீர்கள்

மாற்றுத்திறனாளிகளுக்கும் போய்ச் சேரும்படி விளம்பரம் செய்வது எப்படி என்று வந்த கேள்விகளுக்கு, திரையில் உள்ளதை வாய்விட்டுப் படிக்கும் ஸ்க்ரீன் ரீடர் கொண்டு இணையதளங்களைச் சோதித்துச் சொல்லும் வேளச்சேரிப் பெண்மணி பதிலளிக்கிறார். இவர் பார்வையற்றவர்.

கேள்வி: வீட்டிலிருந்தே புடவை வியாபாரம் செய்கிறேன். தினமும் வாட்ஸ்அப்பிலும் இன்ஸ்டாகிராமிலும் படம் போடுவேன். போன வாரம் பார்வையில்லாத ஒரு அம்மா போன் செய்து, "நீ போடுறது என்ன கலரு, என்ன விலைன்னு எனக்கு ஒண்ணுமே தெரியலையேம்மா" என்றார். மனசுக்குக் கஷ்டமாகிவிட்டது. நான் என்ன செய்யணும், மேடம்?
— வாசகி, மயிலாப்பூர்

பதில்: அந்த அம்மாவுக்கு முதலில் ஒரு நன்றி சொல்லுங்கள். எங்களில் பலர் போன் செய்ய மாட்டோம். பேசாமல் வேறு கடை பார்த்துக்கொள்வோம். நாங்கள் வந்துபோனதே உங்களுக்குத் தெரியாது.

உங்கள் பதிவு அவர் காதில் எப்படி விழுகிறது தெரியுமா? ஆண்ட்ராய்டு போனில் டாக்பேக், ஐபோனில் வாய்ஸ்ஓவர் என்று இருக்கின்றன. திரையில் உள்ள எழுத்தை இவை வாய்விட்டுப் படிக்கும். நீங்கள் பதினான்கு புடவை போட்டால் அவருக்கு "படம், படம், படம்" என்று பதினான்கு தடவை கேட்கும். விலையையும் படத்தின் மேலேயே அச்சடித்திருந்தால் அது எழுத்தே இல்லை, படத்தோடு படம். படத்திலிருந்து எழுத்தைப் பிரித்துப் படிக்கும் செயலிகள் இப்போது உண்டு, நானும் வைத்திருக்கிறேன். ஆனால் ஒவ்வொரு படத்தையும் சேமித்து, வேறொரு செயலியில் திறந்து, பூ வேலைப்பாட்டு எழுத்தில் இருக்கும் விலை ஏழாயிரமா ஓராயிரமா என்று நான் குழம்பி முடிப்பதற்குள், நீங்கள் 'சோல்ட் அவுட்' என்று போட்டுவிடுவீர்கள்.

வாட்ஸ்அப்பில் படம் அனுப்பும்போது கேப்ஷன் எழுத இடம் இருக்கிறதே, அதில் எழுதுங்கள். இன்ஸ்டாகிராமில் ஆல்ட் டெக்ஸ்ட், அதாவது படத்தை விவரிக்கும் குறிப்பு, எழுத தனி இடம் உண்டு. பார்ப்பவர்களுக்கு அது தெரியாது, எங்களுக்கு மட்டும் கேட்கும். விலையை மட்டும் அங்கே ஒளிக்காமல் எல்லோருக்கும் தெரியும்படி கேப்ஷனிலேயே போடுங்கள்.

என்ன எழுதுவது என்பதுதான் பெரிய விஷயம். 'அழகான பட்டுப்புடவை' என்றால் எனக்கு ஒன்றும் கிடைக்காது. எனக்குப் பார்வை போனது ஒன்பது வயதில். அம்மாவின் கூறைப்புடவையின் அரக்கு நிறம் இன்னும் எனக்குள் அப்படியே இருக்கிறது. பிறவியிலேயே பார்வையில்லாத என் சிநேகிதிகளும் நிறம் கேட்டுத்தான் வாங்குவார்கள். வீட்டில் இருக்கும் எந்த ரவிக்கைக்குப் பொருந்தும், சீமந்தத்துக்குக் கட்டலாமா, துக்கம் விசாரிக்கப் போகும்போது கட்டலாமா என்பதெல்லாம் அவர்களுக்கும் தெரிய வேண்டாமா? அதனால் இப்படி எழுதிப் பாருங்கள்:

"மாம்பழ மஞ்சள் உடல். நாலு விரல் அகலத்தில் அரக்கு பார்டர். உடம்பெல்லாம் சின்னச் சின்ன ஜரிகைப் புட்டா, முந்தானையில் மயில். கனம் கம்மி. ரவிக்கைத் துணி உண்டு. விலை 6,800. இரண்டுதான் இருக்கிறது."

வீட்டுக்கு வருகிறவர்களிடம் புடவையை விரித்துப் போட்டு நீங்கள் வாயால் சொல்வது இதுதானே? அதையே எழுதச் சொல்கிறேன். 'இந்தப் படத்தில்' என்று ஆரம்பிக்க வேண்டாம், படம் என்பதைப் போனே சொல்லிவிடும். இன்னொன்று, எமோஜிகளை வரிசையாக அடுக்காதீர்கள். கருவி ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிப் படிக்கும். விலைக்கு முன்னால் எட்டு எமோஜி இருந்தால் எட்டையும் கேட்டு முடித்த பிறகுதான் விலை வரும்.

அந்த அம்மாவுக்கு அடுத்த புடவையை இப்படி அனுப்பிவிட்டு, அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.

கேள்வி: இருபது வருஷமாக டிடிபி வேலை பார்க்கிறேன். நோட்டீஸ், அழைப்பிதழ் எல்லாம் பாமினி எழுத்துருவில்தான் அடிப்பேன். அதையே பிடிஎஃப் ஆக்கி வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். அது படமில்லை, எழுத்துதானே? உங்களுக்குக் கேட்கும்தானே, மேடம்?
— வாசகர், திருவல்லிக்கேணி

பதில்: கேட்காது, சார். பாமினியில் நீங்கள் 'அம்மா' என்று அடித்தால் திரையில் அம்மா தெரியும். உள்ளே பதிவாகியிருப்பது வேறு. என் ஸ்க்ரீன் ரீடர் அதை 'எம், கே, அரைப்புள்ளி, கே, ஹெச்' என்றுதான் எடுத்துக்கொள்ளும். பாமினி, ஆங்கில எழுத்துகளின் மேல் தமிழ் உருவத்தைப் போர்த்திய எழுத்துரு. போர்வை உங்களுக்குத் தெரிகிறது, எனக்கு உள்ளே இருப்பது கேட்கிறது. ஒரு கல்யாணப் பத்திரிகை முழுக்க இப்படி ஒலித்து, முகூர்த்த நேரம் தெரியாமல் மண்டபத்துக்கே போன் செய்து கேட்டிருக்கிறேன்.

தமிழைத் தமிழாகவே பதியும் பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடில் அடித்தால் இந்தத் தொல்லை இல்லை. தமிழக அரசு 2010-லேயே யூனிகோடை ஏற்றுக்கொண்டுவிட்டது. அச்சுக்கு உங்கள் பழைய எழுத்துருவையே வைத்துக்கொள்ளுங்கள், கைப்பழக்கம் சட்டென்று மாறாது. போனில் அனுப்புவதற்கு மட்டும் ஒரு தடவை எழுத்துரு மாற்றியில் போட்டு யூனிகோடாக எடுத்து, தேதி, நேரம், இடத்தைச் சாதாரணச் செய்தியாகக் கூடவே அனுப்புங்கள். சரியாக வந்ததா என்று பார்க்க எளிய வழி உண்டு. பிடிஎஃபில் ஒரு வரியை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டுங்கள். தமிழாக விழுந்தால் எனக்கும் தமிழாகக் கேட்கும்.

அப்புறம், சந்தன நிறத் தாளில் தங்க நிற எழுத்து. பார்வை மங்கலானவர்களுக்கு அது வெறும் தாள். சர்வதேச இணைய அணுகல் நெறிமுறை, எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5-க்கு 1 என்ற அளவில் வேறுபாடு கேட்கிறது. இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டும் இலவசக் கருவிகள் இணையத்தில் இருக்கின்றன.

கேள்வி: ஒரு விளம்பர நிறுவனத்தில் வேலை செய்கிறேன். இதையெல்லாம் சொன்னால், "சட்டம் இருக்கா? இல்லேன்னா எதுக்கு?" என்கிறார் மேலாளர். என்ன சொல்லட்டும், அக்கா?
— வாசகர், அண்ணா நகர்

பதில்: சட்டம் இருக்கிறது, தம்பி. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016. அச்சு, ஒலி, மின்னணு ஊடகங்களில் வருவது எல்லாம் எங்களுக்கு அணுகக்கூடிய வடிவில் கிடைக்க அரசு வழி செய்ய வேண்டும் என்கிறது பிரிவு 42. சேவை வழங்குவோர் அரசானாலும் தனியாரானாலும் அணுகல் விதிகளைப் பின்பற்ற வேண்டும் என்கிறது பிரிவு 46. 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம் ஒருபடி மேலே போய், டிஜிட்டல் வசதிகளை அணுகுவது அரசியல் சட்டத்தின் 21-வது பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடக்கம் என்றது. கண்ணைச் சிமிட்டினால்தான் ஆள் உயிரோடு இருப்பதாக ஏற்கும் கேஒய்சி முறையை (வங்கி போன்றவை வாடிக்கையாளர் யார் என்று உறுதிசெய்யும் முறை) எதிர்த்து, ஆசிட் வீச்சில் பாதிக்கப்பட்டவர்களும் பார்வையற்ற ஒருவரும் தொடுத்த வழக்குகளில் வந்த தீர்ப்பு அது.

சட்டம் போதாதென்றால் இதைச் சொல்லுங்கள். 2023 டிசம்பர், மிக்ஜாம் புயல். எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர், மின்சாரம் இல்லை, போனில் 11 சதவீதம் சார்ஜ். குடியிருப்போர் குழுவில் படகுக்கும் பாலுக்கும் அழைக்க வேண்டிய எண்கள் வந்துகொண்டே இருந்தன. அத்தனையும் போஸ்டர், அத்தனையும் எனக்கு 'படம்'. டவர் சரியாக இல்லாததால் படம் படிக்கும் செயலியும் கைகொடுக்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு படியேறிப்போய் மேல்வீட்டு அக்காவின் கதவைத் தட்டினேன். அவர் ஒவ்வொரு எண்ணாகப் படிக்க, மனப்பாடம் செய்துகொண்டு இறங்கினேன். பத்து இலக்கம். அதைத் தட்டச்சு செய்து அனுப்ப எத்தனை நொடி ஆகியிருக்கும்? இதைக் கேட்ட பிறகும் உங்கள் மேலாளர் "எதுக்கு?" என்றால், என்னை அழைத்துப் போங்கள். நேரிலேயே வந்து சொல்கிறேன்.

கேள்வி: சமையல் வகுப்புக்காக ரீல்ஸ் போடுகிறேன். நான்தான் வாயால் பேசுகிறேனே, அது போதாதா?
— வாசகி, தாம்பரம்

பதில்: எனக்குப் பாதி போதும். காது கேளாதவர்களுக்குச் சுத்தமாகப் போதாது. நீங்கள் பேசுவதை அப்படியே தமிழில் சப்டைட்டிலாகப் போடுங்கள். தானாக வரும் சப்டைட்டிலை ஒருமுறை படித்துத் திருத்தாமல் விடாதீர்கள். 'விவரங்களுக்கு அழைக்கவும்' என்று போன் எண் மட்டும் கொடுத்தால் காது கேளாதவர் உங்களை எப்படி அழைப்பார்? 'வாட்ஸ்அப்பில் எழுதலாம்' என்று சேர்த்துக்கொள்ளுங்கள்.

என்னுடைய மீதிப் பாதி இதுதான். போன ரீலில் அல்வா கிளறிக்கொண்டே, "இதோ, இந்தப் பதம் வந்ததும் இறக்கிடுங்க" என்றீர்கள். எந்தப் பதம்? 'கரண்டியில் ஒட்டாமல் சுருண்டு, ஓரத்தில் நெய் பிரிந்து வந்ததும்' என்று சொல்லியிருந்தால் அன்றைக்கே நானும் கிளறியிருப்பேன். காது கேளாதவருக்கோ கடுகு வெடித்து அடங்கும் சத்தம் தெரியாது. அதை எழுத்தில் போடுங்கள்.