பழைய பொருள் விற்பனையும் பாடாய்ப் படுத்தும் வாங்குபவர்களும்: கேள்வி பதில்

பயன்படுத்திய பொருள்களை இணையம் வழியாக விற்பவர்கள், வாங்க வருபவர்களால் தங்களுக்கு ஏற்படும் சிக்கல்களைக் குறித்து அனுப்பிய கேள்விகளும், பழைய கேமராக்களையும் மின்னணுச் சாதனங்களையும் நெடுங்காலமாக வாங்கி விற்றுவரும் ஒருவர் அவற்றுக்கு அளித்த பதில்களும் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன.

கேள்வி: ஐயா, லேப்டாப் ஒன்றை விற்பதற்கு விளம்பரம் கொடுத்தேன். வருகிற செய்திகளில் பெரும்பாலானவை "கடைசி விலை என்ன?" என்ற ஒற்றை வரிதான். ஒருவர் பாதி விலைக்குக் கேட்டார், மறுத்தேன். அதன் பிறகும் தினமும் அதே விலையைக் கேட்டுச் செய்தி அனுப்புகிறார். இவரை எப்படிச் சமாளிப்பது?

பதில்: அவரைச் சமாளிப்பதற்கு முன்னால் உங்கள் விலை சரியானதுதானா என்று ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. டேனியல் கானமன், ரிச்சர்ட் தேலர் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 1990-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், வகுப்பில் இருந்த மாணவர்களில் பாதிப்பேருக்குச் சாதாரணக் காபிக் கோப்பைகளைக் கொடுத்துவிட்டு, அவற்றை என்ன விலைக்கு விற்பீர்கள் என்று அவர்களிடமும், என்ன விலைக்கு வாங்குவீர்கள் என்று மற்றவர்களிடமும் கேட்டார்கள். கோப்பையைக் கையில் வைத்திருந்தவர்கள் சொன்ன விலை, மற்றவர்கள் கொடுக்க முன்வந்ததைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்காக இருந்தது. சில நிமிடங்களுக்கு முன் கைக்கு வந்த கோப்பைக்கே இந்த நிலை என்றால், பல ஆண்டுகள் உடனிருந்த லேப்டாப்புக்கு நாம் எவ்வளவு கூட்டி மதிப்பிடுவோம் என்பதை யோசித்துக்கொள்ளுங்கள். ஆகவே, மற்றவர்கள் விளம்பரத்தில் போட்டிருக்கும் விலைகளை நம்பாமல், அதே மாதிரி, அதே வயதுடைய பொருள் உண்மையில் என்ன விலைக்கு விற்றுப்போனது என்பதைத் தேடிப் பாருங்கள். விற்று முடிந்தவற்றின் விலையைச் சில தளங்கள் தனியாகவே காட்டுகின்றன.

அந்த விலையை அறிந்த பிறகு, இதற்குக் கீழே கொடுப்பதில்லை என்று ஒரு தொகையை முடிவு செய்து, அதை யாரிடமும் சொல்லாமல் வைத்துக்கொள்ளுங்கள். "கடைசி விலை என்ன?" என்பவருக்கு அந்தத் தொகையைச் சொல்லிவிட்டால், பேரம் அங்கிருந்துதான் தொடங்கும். "விளம்பரத்தில் உள்ளதுதான் விலை. நேரில் பார்த்து இன்றே எடுத்துக்கொள்வதாக இருந்தால், நீங்கள் கொடுக்க நினைக்கும் தொகையைச் சொல்லுங்கள்" என்று எழுதினால், வாங்கும் எண்ணமே இல்லாதவர்கள் பெரும்பாலும் அத்துடன் விலகிவிடுவார்கள். அடிமாட்டு விலைக்குக் கேட்பவருக்கு "அந்த விலைக்குக் கொடுக்க இயலாது, நன்றி" என்று ஒரே ஒரு முறை பதில் எழுதினால் போதும். காரணங்களை அடுக்கினால், ஒவ்வொரு காரணத்துக்கும் அவர் ஒரு மறுப்பு வைத்திருப்பார். அதன் பிறகும் தினமும் எழுதுகிறவரை, உங்களுக்குச் செய்தி அனுப்ப முடியாதபடி தயங்காமல் தடுத்துவிடுங்கள். அதற்காகத்தான் அந்த வசதி இருக்கிறது.

கேள்வி: கேமரா ஒன்றை விற்கிறேன். ஒருவர் விலையைப் பற்றிப் பேசாமல் மூன்று நாட்களாகக் கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். லென்ஸுக்குள் விளக்கடித்துப் படம் எடுத்து அனுப்பச் சொல்கிறார். இப்படிப்பட்டவர் வாங்கிய பிறகும் தொல்லை கொடுப்பாரோ என்று அஞ்சுகிறேன்.

பதில்: இவர் தொல்லை கொடுப்பவர் அல்லர், விவரம் தெரிந்தவர். பழைய லென்ஸில் பூஞ்சை படிந்திருந்தால் சாதாரண வெளிச்சத்தில் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாது. கண்ணாடியின் ஒரு பக்கத்திலிருந்து கைவிளக்கைச் சாய்வாக அடித்து மறுபக்கத்திலிருந்து பார்த்தால்தான், சிலந்தி வலை போன்ற மெல்லிய இழைகள் புலப்படும். அதைப் பார்க்காமல் பணம் கொடுப்பவரைக் கண்டுதான் நான் வியப்பேன்.

விற்பவருக்குப் பொருளைப் பற்றி எல்லாம் தெரியும், வாங்குபவருக்கு ஒன்றும் தெரியாது என்ற நிலை ஒரு சந்தையை என்ன செய்யும் என்பதை, பயன்படுத்திய கார்களை எடுத்துக்காட்டாக வைத்து ஜார்ஜ் அக்கர்லாஃப் என்ற பொருளியலாளர் 1970-இல் ஒரு கட்டுரையில் விளக்கினார். இத்துறை ஆய்வுக்காக 2001-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். நல்லது எது, பழுதானது எது என்று பிரித்தறிய முடியாதபோது, வாங்குபவர் எல்லாவற்றுக்கும் குறைந்த விலையே கொடுப்பார். அந்த விலைக்கு நல்ல பொருளை வைத்திருப்பவர் விற்க மாட்டார். கடைசியில் பழுதானவையே சந்தையில் மிஞ்சும். உங்களிடம் கேள்வி கேட்பவர் அந்த இருட்டிலிருந்து வெளியே வர முயல்கிறார். அவருக்கு நீங்கள் கொடுக்கும் ஒவ்வொரு தகவலும் உங்கள் விலைக்கே வலுச் சேர்க்கும்.

ஒவ்வொரு படம் எடுக்கும்போதும் திறந்து மூடும் ஷட்டர் எத்தனை முறை இயங்கியிருக்கிறது என்ற எண்ணிக்கையையும் அவர் கேட்கக்கூடும். பல கேமராக்களின் ஷட்டர் ஏறத்தாழ ஒரு லட்சம் முறை வரையிலும், உயர்தரக் கேமராக்களில் இரண்டு லட்சத்துக்கு மேலும் தாங்கும் வகையில் தயாரிக்கப்படுவதால், அந்த எண்ணைத் தெரிந்துகொள்ளாமல் விலையைத் தீர்மானிக்க இயலாது. அவர் கேட்ட எல்லாவற்றையும் ஒரே தடவையில் படம் எடுத்து விளம்பரத்திலேயே சேர்த்துவிடுங்கள்; அடுத்து வருபவருக்கும் பயன்படும். ஒரே கேள்வியை மூன்றாம் முறை கேட்கிறார் என்றால் மட்டும், "நேரில் வந்து பார்த்து முடிவு செய்யுங்கள்" என்று சொல்லி நிறுத்திக்கொள்ளலாம்.

கேள்வி: "எனக்காக எடுத்து வையுங்கள், கண்டிப்பாக வருகிறேன்" என்று சொல்லிவிட்டு வராமல் இருப்பவர்களை என்ன செய்வது? இதை நம்பி வேறு இருவரைத் திருப்பி அனுப்பிவிட்டேன்.

பதில்: எடுத்து வைக்காதீர்கள். முதலில் வந்து பணம் கொடுப்பவருக்கே பொருள் என்பதை விளம்பரத்திலேயே எழுதிவிடுங்கள். மிகவும் வற்புறுத்தினால், நாளும் நேரமும் குறித்து, அதுவரை மட்டும் வைத்திருப்பதாக எழுத்தில் சொல்லுங்கள். குறித்த நேரம் கடந்ததும் அடுத்தவரிடம் பேசுங்கள். அதுவரை மற்றவர்களை மறுத்து அனுப்ப வேண்டாம், வரிசையில் இருக்கிறீர்கள் என்று சொல்லி வைத்தால் போதும்.

கேள்வி: விலை பேசி முடித்த பிறகு நேரில் வந்தவர், சைக்கிளில் இருந்த ஒரு கீறலைக் காட்டி விலையைப் பெருமளவு குறைக்கச் சொன்னார். வந்தவரை வெறுங்கையுடன் அனுப்ப மனமில்லாமல் கொடுத்துவிட்டேன். நான் செய்தது சரியா?

பதில்: அந்தக் கீறல் விளம்பரத்தில் இருந்ததா என்பதைப் பொறுத்தே இதற்குப் பதில் சொல்ல முடியும். இல்லையென்றால் அவர் பக்கம் நியாயம் இருக்கிறது, குறைத்தது சரியே. இருந்தது என்றால், அந்தக் குறையையும் கணக்கில் கொண்டே அவர் விலை பேசியிருக்கிறார். அதற்காக இரண்டாவது முறை விலை குறைக்க வேண்டியதில்லை. இவ்வளவு தூரம் வந்தாயிற்று, இனிப் பேச்சை முறிக்க விற்பவருக்கு மனம் வராது என்ற கணக்கில்தான் கடைசி நிமிடப் பேரம் நடக்கிறது. அதே தூரத்தை அவரும் கடந்து வந்திருக்கிறார் என்பதை நாம் மறந்துவிடுகிறோம்! விளம்பரப் படத்தைக் கைப்பேசியில் எடுத்துக் காட்டி, "இந்தக் கீறல் முதல் படத்திலேயே இருக்கிறது, பேசிய விலைதான்" என்று சொல்லிவிட்டு, சைக்கிளை உள்ளே எடுத்து வைக்கத் தொடங்குங்கள். உண்மையிலேயே வேண்டும் என்பவர் அந்த இடத்திலேயே பணத்தை எடுப்பார்.

குறையைச் சொன்னால் விற்காது என்ற அச்சம் பலருக்கு உண்டு. 1995-இல் இபே என்ற இணைய விற்பனைத் தளம் தொடங்கப்பட்டபோது அதில் முதலில் விற்றதாக அந்நிறுவனமே சொல்லும் பொருள், உடைந்துபோன ஒரு லேசர் சுட்டி. உடைந்தது என்று தெரிந்துதான் வாங்குகிறீர்களா என்று தளத்தை உருவாக்கியவர் விசாரித்தபோது, உடைந்த லேசர் சுட்டிகளைச் சேகரிப்பதே தன் வழக்கம் என்று வாங்கியவர் சொன்னாராம்.

கேள்வி: பணம் அனுப்பிவிட்டதாக ஸ்கிரீன்ஷாட் அனுப்பிய ஒருவர், பொருளை உடனே கூரியரில் அனுப்பும்படி அவசரப்படுத்துகிறார். என் கணக்கில் இன்னும் பணம் வரவில்லை. தாமதம் என்கிறார். நம்பலாமா?

பதில்: நம்ப வேண்டாம். ஸ்கிரீன்ஷாட் என்பது ஒரு படம்; அதை யார் வேண்டுமானாலும் உருவாக்கலாம். பணம் வந்துவிட்டதா என்பதை உங்கள் வங்கிக் கணக்கை நீங்களே திறந்து பார்த்துத்தான் உறுதி செய்ய வேண்டும். குறுஞ்செய்தியோ மின்னஞ்சலோ வங்கியிலிருந்து வந்ததுபோல் தோன்றினாலும் அதை ஆதாரமாகக் கொள்ளக் கூடாது. "பணம் கணக்கில் சேர்ந்த பிறகு அனுப்புகிறேன்" என்ற ஒரு வரிக்கு மேல் எதுவும் எழுதாதீர்கள். நேர்மையானவர் காத்திருப்பார்.

இதே குடும்பத்தைச் சேர்ந்த வேறு சில தந்திரங்களும் உள்ளன. பேசிய விலையைவிடக் கூடுதலாக அனுப்பிவிட்டதாகச் சொல்லி மீதியைத் திருப்பிக் கேட்பார்கள். நீங்கள் அனுப்பிய பிறகு, அவர்கள் அனுப்பியது செல்லாத காசோலை என்றோ திருட்டு அட்டையிலிருந்து வந்த பணம் என்றோ தெரியவரும். நீங்கள் பணம் பெறுவதற்கு என்று சொல்லி ஒரு கியூஆர் கோடை அனுப்பி, அதை ஸ்கேன் செய்து ரகசிய எண்ணை இடச் சொல்வார்கள். பணத்தைப் பெறுபவர் ரகசிய எண்ணை இட வேண்டிய தேவையே கிடையாது, இட்டால் பணம் உங்கள் கணக்கிலிருந்துதான் போகும். நீங்கள் உண்மையான விற்பனையாளர்தானா என்று சரிபார்ப்பதற்காக உங்கள் கைப்பேசிக்கு வந்த ஓடிபி எண்ணைக் கேட்பார்கள். அது உங்கள் கணக்கைக் கைப்பற்றுவதற்கான வழி. இவர்களையெல்லாம் கடினமான வாங்குபவர்கள் என்று எண்ணிப் பொறுமையாகப் பதில் எழுதிக்கொண்டிருப்பது நேர விரயம். தளத்தில் புகார் செய்துவிட்டு விலகுங்கள்.

கேள்வி: நல்ல நிலையில் அனுப்பிய ஹெட்ஃபோன் வேலை செய்யவில்லை என்கிறார் வாங்கியவர். அவர் திருப்பி அனுப்பியது நான் அனுப்பிய அதே பொருள்தானா என்பதிலும் சந்தேகம் உள்ளது. தளத்துக்கு அனுப்பும் முறையீட்டில் என்ன எழுத வேண்டும்?

பதில்: நீங்கள் அனுப்பிய பொருளின் வரிசை எண்ணைப் படம் எடுத்து வைத்திருக்கிறீர்களா? இருந்தால், திரும்பி வந்த பொருளின் எண்ணையும் அதன் அருகில் வைத்து அனுப்புவதே உங்கள் முறையீட்டின் முக்கால் பங்கு. மீதி, தேதி வரிசையில் நடந்ததை எழுதுவது மட்டுமே. எந்த நாளில் விற்றீர்கள், எந்த நாளில் அவர் பெற்றுக்கொண்டார், எத்தனை நாள் கழித்துக் குறை சொன்னார், என்ன சொன்னார் என்பதை நான்கைந்து வரிகளில் எழுதுங்கள். அவர் ஏமாற்றுக்காரர் என்பதை எழுதாதீர்கள். ஆதாரம் சொல்ல வேண்டியதை நீங்கள் சொன்னால், படிப்பவருக்கு உங்கள் மீதே சந்தேகம் வரும்.

வரிசை எண்ணைப் பதிவு செய்யவில்லை என்றால் உங்கள் பக்கம் வலுவிழந்துதான் நிற்கும், அதை மறைப்பதற்கில்லை. அடுத்த முறை, பொருள் இயங்குவதைக் காட்டி, வரிசை எண்ணைக் காட்டி, பெட்டியில் வைத்து ஒட்டி, முகவரிச் சீட்டு தெரியும்வரை இடையில் நிறுத்தாமல் ஒரே வீடியோவாக எடுத்து வையுங்கள். திரும்பி வரும் பார்சலையும் அப்படியே வீடியோ எடுத்தபடி பிரியுங்கள். இவற்றை உடனே அழித்துவிடவும் வேண்டாம். பேபால் என்ற இணையப் பணப் பரிமாற்றச் சேவை வழியாகப் பணம் செலுத்தி வாங்கியவர் 180 நாட்கள்வரை முறையீடு செய்யலாம். கடன் அட்டை வழியாகச் செலுத்திய தொகையையும் மாதக்கணக்கில் கழிந்த பிறகும் வங்கி வழியாகத் திரும்பப் பெறக் கோர முடியும்.

அதோடு, எல்லா உரையாடலையும் தளத்தின் செய்திப் பெட்டியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். தொலைபேசியில் பேசிக்கொள்ளலாம் என்று அவர் அழைத்தால் பேசுங்கள், ஆனால் பேசி முடித்ததும் "நாம் பேசியபடி" என்று தொடங்கி அதன் சாரத்தைச் செய்தியாக அனுப்பிவிடுங்கள்.

கேள்வி: பணத்தில் ஒரு பகுதியைத் திருப்பித் தராவிட்டால் மோசமான மதிப்புரை எழுதுவேன் என்று ஒருவர் மிரட்டுகிறார். பதிலுக்கு நானும் அவரைப் பற்றி எழுதலாமா?

பதில்: பல தளங்களில் அதற்கு வழியே இல்லை. இபேயில் 2008 முதல் விற்பவர் வாங்கியவருக்கு எதிர்மறை மதிப்புரை எழுத முடியாது. மிரட்டல் செய்தி தளத்தின் உரையாடலில் இருக்குமானால், பணம் கொடுக்காமல் அதை அப்படியே தளத்துக்குப் புகாராக அனுப்புங்கள்; மதிப்புரையைக் காட்டி மிரட்டுவதைத் தடை செய்யும் விதி பெரிய தளங்களில் உண்டு. அதையும் மீறி மோசமாக எழுதிவிட்டால், "சிறு கீறல் உள்ளது என்று விளம்பரத்தில் படத்துடன் குறிப்பிட்டிருந்தோம், பொருளைத் திருப்பி அனுப்பினால் முழுத் தொகையும் தருவதாகச் சொன்னோம்" என்பதுபோல் நடந்ததை மட்டும் இரண்டு வரியில் எழுதுங்கள். அந்த வரிகளை அவருக்காக எழுத வேண்டாம், அடுத்து வாங்க வருபவருக்காக எழுதுங்கள்.

கேள்வி: ஐயா, கைப்பேசி ஒன்றை விற்றேன். ஒரு வாரம் கழித்து, அது என் பழைய கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்கிறது என்று வாங்கியவர் கோபமாகப் பேசுகிறார். விற்ற பிறகு எனக்கு என்ன பொறுப்பு?

பதில்: முழுப் பொறுப்பும் உங்களுடையது. திருட்டைத் தடுப்பதற்காக 2013-இல் ஐபோன்களிலும், 2015 வாக்கில் ஆண்ட்ராய்டு கைப்பேசிகளிலும் கொண்டுவரப்பட்ட பூட்டு இது. பழைய கணக்கை நீக்காமல் கைப்பேசியில் உள்ள தகவல்களை அழித்தால், அடுத்தவர் கையில் அது திறக்காது. அவருடைய பார்வையில் அவர் திருட்டுக் கைப்பேசிக்குப் பணம் கொடுத்திருக்கிறார், கோபப்படாமல் என்ன செய்வார்? முதலில் மன்னிப்புக் கேளுங்கள். ஐபோன் என்றால், இணையத்தில் உங்கள் ஐகிளவுட் கணக்கைத் திறந்து, சாதனங்களின் பட்டியலிலிருந்து அந்தக் கைப்பேசியை அழித்து நீக்கிவிடலாம். நேரில் போகத் தேவையில்லை. ஆண்ட்ராய்டு என்றால், அவரை நேரில் சந்தித்து உங்கள் கடவுச்சொல்லை உங்கள் கையாலேயே இட்டுத் திறந்து, அமைப்புகளில் கணக்கை நீக்கிய பிறகு மீண்டும் அழித்துக் கொடுங்கள். எவ்வளவு அவசரப்படுத்தினாலும் கடவுச்சொல்லைச் செய்தியில் அனுப்ப வேண்டாம். அவர் வந்து போகும் செலவை நீங்களே ஏற்றுக்கொள்வதுதான் முறை.