காப்பி கிரைண்டரில் ஏலக்காயும் சர்க்கரையும் பொடிக்கலாமா?

இடுக்கி மலையில் ஏலக்காய் விளையும் வண்டன்மேட்டிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். வீட்டில் வறுக்கும் காப்பிக்கொட்டையைப் பொடிக்க மகன் ஒரு சின்ன காப்பி கிரைண்டர் வாங்கிக் கொடுத்தாராம், 150 வாட். கிறிஸ்துமஸ் நேரத்தில் அக்கம்பக்கத்துக்குக் கேக் ஆர்டர் எடுக்கிறவர். "ஏலக்காய், பட்டை, சர்க்கரை, பாதாம் எல்லாவற்றையும் இதிலேயே பொடிக்கலாமா? கேக்கில் காப்பி வாசம் வருமா? போன ஆடியில் மிளகு போட்டேன். பொடியாகாமல் கத்தியைச் சுற்றி அப்பிக்கொண்டது. மெஷினில் கோளாறா, என் கையில் கோளாறா?" என்று கேட்கிறார்.

இரண்டிலும் இல்லை, கோளாறு ஆடி மாதத்தில்தான். அதற்கு வருகிறேன். முதலில் மெஷினின் மூடியைத் திறந்து பாருங்கள். அடியில் மிக்ஸியில் இருப்பதுபோல இரண்டு பக்கமும் நீட்டிய கத்தி இருந்தால் சரி, கீழே சொல்வதெல்லாம் அதற்குத்தான். கத்தி இல்லாமல், மேலே கொட்டை போடும் புனல், உள்ளே பல் வைத்த இரண்டு வளையங்கள், நைசா கொரகொரப்பா என்று மாற்றும் திருகு, இப்படி இருந்தால் அதில் காப்பியைத் தவிர எதையும் போடாதீர்கள். அந்த ரகத்தில் வளையங்களுக்கு நடுவே உள்ள இடைவெளி வழியாகக் கொட்டை நொறுங்கி இறங்கும். எல்லாத் துகளும் ஏறக்குறைய ஒரே அளவில் விழுவதால் காப்பிக்கு அது உசத்தி. ஆனால் ஏலக்காய் எண்ணெயும் சர்க்கரைத் தூளும் பல்லிடுக்கில் போய் உட்கார்ந்துவிட்டால் முழுவதும் கழற்றாமல் எடுக்க முடியாது. கையால் சுற்றும் மில்லுக்கும் இதே கதைதான்.

மிளகு கத்தியைச் சுற்றி அப்பிக்கொண்டது என்கிறீர்கள், அப்படியானால் உங்களுடையது கத்தி வைத்ததுதான். பொடிக்கலாம். மிக்ஸி இருக்கும்போது இது எதற்கு என்று மாமியார் கேட்டால், பத்து ஏலக்காயை மிக்ஸியில் போட்டுக் காட்டுங்கள். சட்னி ஜாரில்கூடக் கத்தி அடியிலிருந்து கொஞ்சம் உயரத்தில்தான் சுற்றும். பத்துக் காய் சுவரில் மோதி மேலே பறக்கும், பாதி முழுசாகவே திரும்பி வரும். காப்பி கிரைண்டரின் கிண்ணம் குறுகல், கத்தி அடியை ஒட்டிச் சுற்றும். அதனால் ஒரு ஸ்பூன் மிளகைக்கூடப் பிடித்து அரைத்துவிடும். அன்றைக்கு ரசத்துக்கு வேண்டிய மிளகு சீரகம், ஒரு கேக்குக்கு வேண்டிய மசாலா, நாலு பேர் குடிக்கச் சுக்குக் காப்பிப் பொடி, இந்த அளவுக்கு இதை மிஞ்ச வேறு மெஷின் இல்லை. அரைக் கிலோ மல்லி, புட்டு மாவு, சாம்பார் பொடி என்று போனால் மில்லுக்கோ மிக்ஸிக்கோ போய்விடுங்கள். 500, 750 வாட் மோட்டார் இழுக்கிற பாரத்தை 150 வாட்டின் தலையில் வைக்கக் கூடாது.

இனி ஆடி மாத மிளகு. நல்ல மிளகில் ஈரம் நூற்றுக்குப் பத்துப் பன்னிரண்டு பங்குக்கு மேல் இருக்காது. இடவப்பாதி மழை, அதாவது தென்மேற்குப் பருவமழை, இறங்கியதிலிருந்து உங்கள் பக்கம் துணியே காய்வதில்லை, டப்பாவில் இருக்கும் மிளகு மட்டும் எப்படிக் காய்ந்திருக்கும்? ஈரம் ஏறிய மிளகைக் கத்தி உடைக்காது, நசுக்கும். நசுங்கும்போது உள்ளிருக்கும் எண்ணெய் வெளியே வந்து, தூளும் ஈரமும் சேர்ந்து பிசைந்த மாவாகிக் கத்திக்கு அடியில் ஒட்டிக்கொள்ளும். மேலே இருப்பது அரைபடாமல் சும்மா நிற்கும். நாம் இன்னும் கொஞ்சம் ஓட்டுவோம், சூடு ஏறி இன்னும் ஒட்டும்.

அரைப்பதற்கு முன் ஒரு மிளகைப் பல்லிடுக்கில் வைத்துக் கடித்துப் பாருங்கள். 'டக்'கென்று உடைந்தால் போடலாம். பல் பதிந்து அமுங்கினால் தோசைக்கல்லை மிகச் சின்னத் தீயில் வைத்து இரண்டு மூன்று நிமிடம் புரட்டி எடுங்கள். ஏலக்காய்க்குச் சோதனை உங்களுக்கே தெரியும்: காதருகே குலுக்கினால் விதை கலகலக்க வேண்டும். கலகலக்காத காயைக் கல்லில் போடாதீர்கள், வாசனை போய்விடும். தோட்டத்து ஏலக்காயை உலர்த்தும் ஸ்டோரில் காயைக் காய வைப்பது சுமார் 50 டிகிரியில்தான். கேக் எடுத்த ஓவன், கை வைத்தால் பொறுக்கும் அளவுக்குச் சூடு இறங்கிய பிறகு, ஒரு தட்டில் பரப்பி உள்ளே வைத்துவிடுங்கள். கால் மணி நேரம் போதும். எதைச் சூடு காட்டினாலும் முழுக்க ஆறிய பிறகே மெஷினில் போட வேண்டும். சூட்டோடு போட்டால் மூடியின் உள்பக்கம் ஆவி படிந்து, விரட்டிய ஈரம் திரும்பி வந்து சேரும். ஃப்ரீசரில் மசாலா வைக்கும் பழக்கம் இருந்தால், வெளியே எடுத்த டப்பாவை அறைச் சூட்டுக்கு வரும்வரை திறக்காதீர்கள். காரணம் அதேதான்.

ஏலக்காயை இங்கே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஏலக்காய் ஏல மையங்களான புற்றடியிலும் போடியிலும் விலை போகிற காயின் தரத்தை நிறத்தையும் மில்லிமீட்டரையும் வைத்துச் சொல்வார்கள். கேக்குக்கு எட்டு எம்.எம். காய்தான் வேண்டும் என்றில்லை. வெடித்த காய், நிறம் மங்கிய காய் இவற்றிலும் விதை கறுப்பாக, பிசுபிசுப்பாக இருந்தால் மணம் இருக்கும். தோலை உரித்துவிடுங்கள். தோலில் மணம் குறைவு, நார் அதிகம். வெள்ளை ஸ்பாஞ்சில் அது பச்சைத் திப்பியாகத் தெரியும். தோலை டீத்தூள் டப்பாவில் போட்டு வையுங்கள்.

விதையைத் தனியாக அரைத்தால் எண்ணெய் விட்டுக் கத்தியில் ஒட்டும். கேக்குக்கு அளந்து வைத்த சர்க்கரையிலிருந்தே இரண்டு மேசைக்கரண்டி எடுத்து விதையோடு போடுங்கள். சர்க்கரையின் மூலைகள் விதையை உரசி உடைக்கும், வெளிவரும் எண்ணெயையும் அதுவே உறிஞ்சி வைத்துக்கொள்ளும். அளவும் மாறாது. ஒரு கிலோ பிளம் கேக்குக்கு எட்டு ஏலக்காய், இரண்டு அங்குலப் பட்டை, ஆறு கிராம்பு என்பது என் கணக்கு. பட்டையைக் கையால் சின்னச் சின்னதாக ஒடித்துக் கிராம்போடு முதலில் அரைத்துவிட்டு, அப்புறம் ஏலவிதையும் சர்க்கரையும் சேருங்கள். ஜாதிக்காயை இதில் போட வேண்டாம். முழுசாகப் போட்டால் கிண்ணத்தில் துள்ளி மூடியைத்தான் அடிக்கும். துருவியில் நாலு இழுப்பு இழுத்தால் வேலை முடிந்தது.

பட்டனை ஒரேயடியாக அழுத்திப் பிடிக்காதீர்கள். இரண்டு மூன்று நொடி அழுத்தி விட்டு, மெஷினைக் கையில் தூக்கி ஒரு குலுக்குக் குலுக்கி, மறுபடி அழுத்துங்கள். சத்தத்தைக் கவனியுங்கள். முதலில் கடகடவென்று கேட்பது மெல்ல மெல்ல அடங்கி ஒரே சீரான இரைச்சலாகும். அதற்கு மேல் ஓட்டினால் நைசாவது கொஞ்சம், சூடாவது நிறைய. ஏலத்தின் மணத்தில் பெரும்பங்கு சினியோல் போன்ற ஆவியாகிற எண்ணெய்கள்தான். அரைக்கும்போது அடுப்படி முழுக்க மணக்கிறது என்றால் அந்த மணம் பொடியில் இல்லை. அதே காரணத்தால் மூடியையும் அரைத்து முடித்து ஒரு நிமிடம் கழித்தே திறக்க வேண்டும்.

சர்க்கரை சுலபம், ஒரு சேதாரம் மட்டும் உண்டு. கண்ணாடிபோல இருக்கும் பிளாஸ்டிக் மூடியைச் சர்க்கரை கீறிக் கீறிக் கொஞ்ச நாளில் மங்க வைத்துவிடும். அரைப்பதற்குக் கெடுதல் இல்லை. கிண்ணத்தில் பாதிக்கு மேல் போடாமல் இருபது முப்பது நொடி, விட்டு விட்டு ஓட்டுங்கள். ஒரு கப் சர்க்கரைக்கு ஒரு மேசைக்கரண்டி சோளமாவு சேர்த்துச் சலித்தால், உங்கள் ஊர் ஈரத்திலும் சீக்கிரம் கட்டி தட்டாது. கடை ஐசிங் சுகரிலும் இப்படி மாவு உண்டு. ஆனால் கடைச் சர்க்கரையின் நைஸ் வீட்டில் வராது. கேக் மாவில் கலக்க, மேலே தூவ இது தாராளம். பட்டர் கிரீமில் நாக்கில் லேசாக நறநறக்கும். முட்டை வெள்ளைக்கரு அடித்துச் செய்யும் ராயல் ஐசிங்குக்குக் கடையிலேயே வாங்கிவிடுங்கள், ஆர்டர் கேக்கில் பரிசோதனை வேண்டாம்.

பாதாமில் ஏறக்குறைய பாதி எடை எண்ணெய்தான், முந்திரியிலும் கிட்டத்தட்ட அப்படியே. ஊற வைத்துத் தோலுரித்த பாதாமை ஈரத்தோடு போடவே கூடாது, நன்றாகக் காய வேண்டும். அளந்த மைதாவில் ஒரு கரண்டி எடுத்து அதோடு சேர்த்து, ஒரு நொடி அழுத்தி விடுங்கள், மறுபடி ஒரு நொடி. ரவைப் பதம் வந்ததும் நிறுத்திவிட வேண்டும். இன்னும் கொஞ்சம் என்று ஆசைப்பட்டால் பாதாம் மாவுக்குப் பதில் பாதாம் வெண்ணெய் கிடைக்கும். எள்ளும் அப்படித்தான். ஆளி விதைக்கு இந்த மெஷின் அருமையாகப் பொருந்தும். முழு விதை வயிற்றில் அரைபடாமல் அப்படியே போய்விடும், பொடித்தால்தான் பிரயோஜனம். முட்டை வேண்டாம் என்கிறவர்களுக்கு ஒரு மேசைக்கரண்டி ஆளிப் பொடியை மூன்று மேசைக்கரண்டி தண்ணீரில் பத்து நிமிடம் ஊற வைத்தால் ஒரு முட்டைக்கு ஈடு. மஃபினுக்கும் வாழைப்பழக் கேக்குக்கும் ஒத்துவரும், ஸ்பாஞ்சைத் தூக்கி நிறுத்தாது. பொடித்ததை ஃப்ரிட்ஜில் வைத்துச் சீக்கிரம் தீர்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் சிக்கு வாடை அடிக்கும். ஓட்ஸ், பொட்டுக்கடலை, காய்ந்த பிரெட் இதற்கெல்லாம் யோசிக்கவே வேண்டாம்.

விரலி மஞ்சளைப் போடாதீர்கள், கத்தி மழுங்கும் அல்லது மோட்டார் சிக்கி நிற்கும். சுக்கை உரலில் தட்டி, நாரை எடுத்துவிட்டுப் போடலாம். வெல்லம், கருப்பட்டி, புளி, தேங்காய், பேரீச்சை, சாக்லேட் எதுவும் ஆகாது. வற்றலை அரைத்தால் கெடுதல் மெஷினுக்கு இல்லை, அடுத்து அரைக்கிற சர்க்கரைக்கு. மூடி ரப்பரில் ஏறிய காரம் லேசில் போகாது. ஆர்டர் கொடுப்பவர்கள் யாருக்காவது பாதாம், முந்திரி, எள் ஒவ்வாமை இருந்தால், இவற்றை அரைத்த மெஷினை எவ்வளவு துடைத்தாலும் அவர்கள் கேக்குக்குத் தொடாதீர்கள்.

காப்பி வாசம் கட்டாயம் வரும். ஏலக்காய் வாசம் காப்பியில் ஏறினால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள், சீரக வாசம் ஏறினால் வீட்டில் சண்டைதான். காப்பி அரைத்ததும் ஈரமில்லாத பிரஷ்ஷால் தூளைத் தட்டிவிட்டு, இரண்டு மேசைக்கரண்டி பச்சரிசியைப் போட்டு முப்பது நொடி, இதையும் விட்டு விட்டுத்தான், ஓட்டிக் கொட்டிவிடுங்கள். அரிசி மாவு எண்ணெயைத் துடைத்துக்கொண்டு வரும். மாவு பழுப்பாக வந்தால் இன்னொரு முறை. பிறகு காய்ந்த துணியால் துடைத்து, மூடியையும் ரப்பரையும் மட்டும் சோப்புத் தண்ணீரில் கழுவி வெயிலோ காற்றோ காட்டுங்கள். மெஷினைத் தண்ணீரில் முக்கக் கூடாது. (பல் வளைய மெஷினில் இந்த அரிசி வைத்தியம் செய்யாதீர்கள், காப்பிக்கொட்டையை விடப் பச்சரிசி கடினம்.) ஒரே நாளில் பலதும் அரைக்க வேண்டுமென்றால் சர்க்கரை, ஓட்ஸ் முதலில், ஏலக்காய் அடுத்து, மிளகு சீரகம் கடைசியில். சுக்குக் காப்பிப் பொடிக்கு மட்டும் அரிசி போட்டுக் கழுவ வேண்டாம், கிண்ணத்தில் மிச்சமிருக்கும் காப்பித் தூள் அதற்குச் சேர வேண்டியதுதான்.

கேக் சீசனில் வாரம் முழுக்க ஆர்டர் இருக்குமானால் மசாலாவுக்கென்று இரண்டாவது மெஷின் வாங்கிவிடுவது நல்லது. அதைக் கத்தி வைத்த சாதாரண ரகமாக, கிண்ணம் கழன்று வருவதாகப் பார்த்து வாங்குங்கள். அந்த வசதிக்கு மட்டும் கூடக் கொஞ்சம் காசு கொடுக்கலாம்.

கடைசியாக மோட்டார். அரை நிமிடம் ஓடினால் ஒரு நிமிடம் ஓய்வு, அடிப்பகுதி கைக்குச் சூடாகப் பட்டால் கால் மணி நேரம். மழை நாளில் வோல்டேஜ் இறங்கி லைட் மங்கலாக எரியும்போது ஓட்டாதீர்கள், கத்தி திணறி நின்றால் மோட்டார் சுருள் காயும். ஒரு நாள் பட்டனை அழுத்தியும் அசையவில்லை என்றால் உடனே எரிந்துவிட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். இந்த மெஷின்கள் பலவற்றில் மூடியின் ஒரு சின்ன நாக்கு உள்ளே போய் அழுத்தினால்தான் கரண்ட் பாயும். அந்தத் துளையில் சர்க்கரைத் தூள் இறுகிப் போயிருக்கும். பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பல்குத்தும் குச்சியால் சுரண்டி, பழைய டூத்பிரஷ்ஷால் தட்டி, மூடியைச் சரியாகத் திருகிப் போட்டுப் பாருங்கள். அப்படியும் ஓடவில்லை, கருகிய நெடியும் அடிக்கிறது என்றால் கட்டப்பனைக்கு எடுத்துப் போகலாம். ரிப்பேர் கூலியைக் கேட்டுவிட்டுப் புதிதின் விலையையும் விசாரியுங்கள், சின்ன மெஷின்களில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருப்பதில்லை.